சால்மனுக்கு எந்த வாசனை? சமையல் குறிப்புகள் கோட்டைவிடும் இடம்

போன மாசம் வீட்டில் நடந்த ஒரு சின்னத் தகராறில் இருந்து ஆரம்பிக்கிறேன். அம்மாவை வாரத்துக்கு இரண்டு நாளாவது எண்ணெய்ச் சத்துள்ள மீன் சாப்பிடச் சொன்னார் டாக்டர். வெளிநாட்டில் இருக்கும் தங்கை உடனே, "சால்மன் வாங்கிக் கொடுண்ணே" என்று போனில் சொல்லிவிட்டாள். திருச்சியில் இப்போது உறைய வைத்த சால்மன் கிடைக்கத்தான் செய்கிறது. விலையைச் சொன்னால் அம்மா சாப்பிடவே மாட்டார் என்பதால் சொல்லவில்லை. தமிழில் வந்த ஒரு சமையல் குறிப்பைப் பார்த்து, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், எலுமிச்சைச் சாறு எல்லாம் தடவி அரை மணி நேரம் ஊறவைத்து வறுத்துக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார். "மிளகாய்த்தூளும் எண்ணெயும்தான் தெரியுது. மீன் எங்கடா?" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு தமிழில் கிடைக்கிற சால்மன் குறிப்புகளை, வீடியோவும் எழுத்துமாக, உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அவற்றைப் பற்றிய விமர்சனம்தான் இது.

முதலில் பெயர்க் குழப்பம். "சால்மனுக்குத் தமிழில் என்ன பேர்?" என்று தேடினால் பட்டியல்கள் வந்து விழும். சிலவற்றில் காலா மீன் என்று இருக்கும், சிலவற்றில் கிழங்கான். இரண்டுமே தப்பு. கிழங்கான் ஒல்லியான சின்ன மீன், முழுசாக வறுத்துத் தின்பது. காலாவை ஆங்கிலத்தில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கிறார்கள். மும்பைப் பக்கம் அதுவே ராவஸ். வந்த வினை அந்த ஆங்கிலப் பெயரால்தான். காலா, தாடைக்குக் கீழே நூல் நூலாகத் துடுப்புள்ள வேறொரு குடும்பத்து மீன். அட்லாண்டிக் சால்மனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இலங்கைக்குப் போனால் குழப்பம் இன்னொரு சுற்று. அங்கே டின் மீனையே பொதுவாக சால்மன் என்று சொல்லும் வழக்கம் உண்டு. டின்னைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது பாறை இனத்துக் கானாங்கெளுத்தி.

பேர் மாறினால் என்ன, எல்லாம் மீன்தானே என்று கேட்கலாம். சமையலில் அங்கேதான் இடறுகிறது. வளர்ப்பு அட்லாண்டிக் சால்மனில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 13 கிராம் கொழுப்பு இருக்கும். அதோடு ஒப்பிட்டால் காலாவில் கொழுப்பு ரொம்பக் குறைவு. கொழுப்பு குறைந்த வெள்ளைச் சதைக்கு மசாலாவும் எண்ணெயும் வெளியில் இருந்து வரவேண்டும். சால்மனுக்கு எண்ணெய் அதன் உடம்பிலேயே இருக்கிறது. வாசனைப் பொருள்களில் பெரும்பாலானவை எண்ணெயில் கரைபவை. அதனால் சால்மன் சதை வாசனையை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலாவுக்கு இரண்டு ஸ்பூன் மசாலா சரியென்றால் சால்மனுக்கு அரை ஸ்பூனே ஜாஸ்தி. காலா வறுவல் குறிப்பில் பேரை மட்டும் மாற்றிச் சால்மன் குறிப்பு ஆக்கியவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

நான் பார்த்த குறிப்புகள் இரண்டு கட்சியாகப் பிரிகின்றன. முதல் கட்சி, சால்மனை வஞ்சிரமாக நினைத்துச் சிவக்கச் சிவக்க மசாலா போடுகிறது. இரண்டாவது கட்சி, வெள்ளைக்காரன் குறிப்பை அப்படியே இறக்குகிறது. பாட்டிலில் வரும் காய்ந்த டில், காய்ந்த தைம், ரோஸ்மேரி என்று பட்டியல் நீளும். முதல் கட்சி மீனைப் பார்க்கவில்லை, இரண்டாவது கட்சி ஊரைப் பார்க்கவில்லை.

இரண்டாவது கட்சியோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது தன்னை ரொம்ப விஷயம் தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறது. சால்மனுக்கு டில் ஏன் போடுகிறார்கள்? ஸ்காண்டிநேவியாவில் உப்பு, சர்க்கரை, டில் தழை மூன்றையும் அப்பிச் சால்மனைப் பதப்படுத்துவது பழைய வழக்கம். 'கிராவ்லாக்ஸ்' என்பார்கள், புதைத்த சால்மன் என்று பொருள். அந்தக் குளிர் நாட்டுத் தோட்டத்தில் நன்றாக வளர்ந்த தழை டில். கையில் கிடைத்ததைப் போட்டார்கள், பொருந்தியது, மரபாகிவிட்டது. பொருத்தத்துக்குக் காரணம் அதன் வாசனை. ஆறு மாசம் பாட்டிலில் கிடந்த டில்லில் அந்த வாசனை பாதிகூட மிஞ்சுவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், டில் நமக்கு அந்நியமே இல்லை. நம்ம சதகுப்பைதான் அது. பெரிய கடைவீதி நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை என்று கேட்டால் விதையை மடித்துக் கொடுப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு மருந்து அரைக்க வாங்குவது. இந்திய வகையின் மணம் ஐரோப்பிய வகையில் இருந்து கொஞ்சம் மாறும், விதையின் மணம் தழையைவிடக் காட்டமாக இருக்கும், ஆனாலும் செடி அதே செடி. 'டில் கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம்' என்று எழுதுகிறவர்கள் ஒரு தடவை மருந்துக் கடைக்குப் போய் வந்திருக்கலாம்.

மற்றவற்றையும் இப்படியே மூக்கால் தேடிப் பார்த்தேன். தைமின் வாசனைக்குக் காரணம் தைமால் என்ற பொருள். நம்ம ஓமத்தின் எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியிலும் தைமாலும் அதன் நெருங்கிய உறவான கார்வக்ராலும் உண்டு. டாரகன் என்று ஒரு பிரெஞ்சுத் தழை, மீனுக்கு ரொம்ப உசத்தி என்பார்கள். அதன் முக்கிய வாசனைப் பொருள் நம்ம ஊர்த் திருநீற்றுப்பச்சிலை வகைகள் பலவற்றிலும் இருக்கிறது. சோம்பின் மணமும் அதற்குப் பக்கத்து வீடு. எலுமிச்சைத் தோலைச் சீவிப் போடச் சொல்கிறார்களா? எலுமிச்சை இலையும் நாரத்தை இலையும் நம்மிடம் இருக்கின்றன.

இந்த இடத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போக வேண்டும். அங்கே உத்தர வீதியில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டில் தயிர் சாதத்துக்கு வேப்பிலைக்கட்டி வைத்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பேரில்தான் வேப்பிலை, உள்ளே வேப்பிலை கிடையாது. நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும் நடு நரம்பு எடுத்து, மிளகாய் வற்றல், ஓமம், பெருங்காயம், உப்பு சேர்த்துத் தண்ணீர் விடாமல் இடித்து உருட்டி வைப்பது. ஓமத்தில் தைம் வாசனை, இலையில் எலுமிச்சை வாசனை. உலகம் முழுக்கச் சால்மனுக்குச் சொல்கிற 'லெமன் தைம்' ஜோடி அந்த உருண்டைக்குள் இருந்தது! மீன் வாசமே படாத வீட்டில் உட்கார்ந்து நான் மீனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததை நண்பரிடம் சொல்லவில்லை. அவர் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைக்கிற அந்த அடுப்படிகளுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. நாலே பொருளை வைத்து, ஒவ்வொன்றின் வாசனையும் தனியாகத் தெரியும்படி செய்வது. அசைவச் சமையலில் நாம் மறந்துபோன பயிற்சி அது. எல்லா மீனுக்கும் ஒரே இஞ்சி பூண்டு விழுது, ஒரே பாக்கெட் மசாலா என்று ஆகிவிட்டது.

சரி, அப்படியானால் நம்ம மீன் குழம்பு தப்பா? இல்லவே இல்லை. உறையூர் காசிவிளங்கி மீன் மார்க்கெட்டில் கெண்டை, கெளுத்தி, விரால், ஜிலேபி என்று ஆற்று மீனும் குளத்து மீனும் வாங்கிப் பழகிய ஊர் இது. நல்ல தண்ணீர் மீன் சிலதில் ஒரு மண் வாடை வரும். தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதற்குக் காரணம். புளிப்பு அந்தப் பொருளைச் சிதைத்து வாடையைக் குறைக்கும். வேதியியல் படிக்காத நம்ம பாட்டிமார்கள் கெட்டிப் புளியில் குழம்பு வைத்தது எவ்வளவு சரி பாருங்கள். கடல் மீனின் கவிச்சிக்குக் காரணமான அமீன்களையும் புளிப்பு அடக்கும். நாகப்பட்டினம் சாலை வழியாக 140 கிலோமீட்டர் போல் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஐஸில் வந்த மீனுக்கும் புளி வேண்டியதாகத்தான் இருந்தது.

ஆக, புளி ஒரு பிரச்சினைக்குப் பதில். நல்ல சால்மன் துண்டில் அந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. அதைக் கெட்டிப் புளிக் குழம்பில் இருபது நிமிஷம் கொதிக்கவிட்டால் சதை உதிர்ந்து, சக்கையாகி, எண்ணெய் மட்டும் குழம்பில் மிதக்கும். எலுமிச்சைச் சாற்றில் அரை மணி ஊறவைப்பதும் இதே மாதிரிதான். புளிப்பு மேல் சதையை வெளுக்க வைத்து இறுக்கிவிடும். சாற்றைக் கடைசியில் பிழிந்தால் போதும்.

வெளிநாட்டுத் தமிழர்கள் சால்மனில் குழம்பு வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். வைக்கிறார்கள். 1980களில் நார்வேயின் வட கோடியில் இருக்கும் மீன் ஆலைகளில் வேலை பார்க்கப் போன ஈழத் தமிழர்கள் பலர். மீனைக் கையால் வெட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். புலம்பெயர்ந்த வீடுகளில் சால்மன் தலையில் குழம்பு வைப்பது சகஜம். தலையில் ஜவ்வும் கொழுப்பும் அதிகம், கொதி தாங்கும், குழம்புக்கும் சாரம் கொடுக்கும். தலைக்குக் குழம்பு, நடுத்துண்டுக்கு வேறு என்று பிரித்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நம்ம குறிப்புகளில் எந்தப் பாகம் என்ற பேச்சே வருவதில்லை. மீனின் பேர், மசாலாவின் பேர், பிறகு 'உப்பு தேவையான அளவு' என்று முடிந்துவிடுகிறது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' எழுதியபோதே அளவும் பக்குவமும் சொல்லித்தான் எழுதினார். எழுபது வருஷம் கழித்து எழுதுகிறவர்களிடம் அந்தப் பொறுப்பை எதிர்பார்க்கலாம்தானே?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன்.

தோலோடு 200 கிராம் நடுத்துண்டு, ஒரு அங்குலக் கனம். அரை டீஸ்பூன் உப்பு தடவிக் கால் மணி நேரம் வைத்து, கசிந்த தண்ணீரைத் துணியால் ஒற்றினேன். கால் டீஸ்பூன் ஓமத்தையும் அரை டீஸ்பூன் மிளகையும் கரகரப்பாக இடித்தேன். இரண்டு எலுமிச்சை இலையை நரம்பு எடுத்துத் தலைமுடி போல நறுக்கினேன். மூன்றையும் மேலே தூவி, தணலில் வாட்டிய வாழை இலையில் மடித்து, இட்லிப் பானையில் பத்து நிமிஷம். இறக்கியதும் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. எண்ணெய் ஒரு துளிகூட விடவில்லை. திருச்சிக்காரனுக்கு வாழை இலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டுக் குறிப்பில் வரும் எண்ணெய்த் தாளுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை, தன் மணத்தையும் கொஞ்சம் கொடுக்கும்.

ஓமத்தின் அளவில் மட்டும் கவனம் வேண்டும். முதல் தடவை அரை டீஸ்பூன் போட்டு, மீன் ஓமத் திராவகம் மாதிரி ஆகிவிட்டது.

அம்மா சாப்பிட்டார். "இது மீன் மாதிரி இருக்கு" என்றார், பிறகு, "குழம்பு இல்லாம சோறு எப்படி இறங்கும்?" என்றார். அதுவும் நியாயமான கேள்வி. அடுத்த தடவை, சோம்பும் மிளகும் அரைத்துப் புளி குறைத்து ஒரு தண்ணிக் குழம்பைத் தனியாகக் கொதிக்க வைத்தேன். அடுப்பை அணைப்பதற்கு நாலு நிமிஷம் முன்னால் சிறு துண்டுகளைப் போட்டு, அணைத்து மூடிவைத்தேன். உதிரவில்லை.

கடைசியில் விலை எப்படியோ அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காசுக்கு எத்தனை கிலோ மத்தி வாங்கலாம் என்று மனக்கணக்குப் போட்டார். டாக்டர் சொன்ன எண்ணெய்ச் சத்து மத்தியிலும் தாராளமாக இருக்கிறது, அவர் சால்மன் என்று சொல்லவும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை காசிவிளங்கியில் அரைக் கிலோ மத்தி வாங்கி, அதே ஓமம், மிளகு, எலுமிச்சை இலை போட்டுத் தோசைக்கல்லில் சுட்டோம். அதுவும் எண்ணெய் மீன்தானே, அதே கணக்கு அதற்கும் சரியாக வந்தது. தங்கைக்குப் போட்டோ அனுப்பினேன். "இது எந்த ஊர் சால்மன்?" என்று கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் போடவில்லை.