வாற்கோதுமை முளைத்த இடம்

இந்தப் பங்கிற்கு நான் மாற்றலாகி வந்தது ஒரு சூன் மாதத்தில். மழை முன்னதாகவே தொடங்கியிருந்தது. பங்கு இல்லத்தின் முன்னறையில் ஓடு இரண்டு இடங்களில் ஒழுகியது. புதிய பங்கிற்குள் நுழையும் குரு முதலில் அங்குள்ள ஆன்மாக்களை எண்ணவேண்டும் என்று குருமடத்தில் கற்பித்தார்கள். நானோ, என் நூற்பெட்டிகளை எந்த மூலையில் வைத்தால் நனையாது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நனைந்த பெட்டியொன்றைத் திறந்து உலர்த்தியபோது கைக்கு அகப்பட்டது டேனியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’. பள்ளி நாள்களில் சுருக்கப் பதிப்பாகத் துணைப்பாடத்தில் படித்த கதை. முழு நூலைப் பின்னாளில் வாங்கியும் வாசிக்காமல் வைத்திருந்தேன். வீடு ஒழுங்காகிற வரையில், மாலை வேளைகளில் அதை வாசித்து முடித்தேன்.

1719ஆம் ஆண்டு வெளிவந்த இந்நூலை, ஆளற்ற தீவில் தனித்து வாழ்ந்தவனின் வீரக்கதை என்றே நம்மில் பலரும் நினைத்திருக்கிறோம். நான் படித்த பள்ளிப் பதிப்பு கப்பலையும் காட்டாடுகளையும் மணலில் பதிந்த காலடித் தடத்தையும் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை வெட்டிவிட்டிருந்தது. வெட்டப்பட்டவற்றில்தான் நூலின் உயிர் இருக்கிறது. பழக்கமில்லாத இடத்தில் குடியேறிய ஒருவன் நன்றி சொல்லக் கற்றுக்கொள்ளும் வரலாறு அது. அவன் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. தவறாகக் கற்று, மறந்து, மீண்டும் கற்கிறான்.

இந்தக் கருத்தை ஏற்காதவர்கள் உண்டு. ‘மூலதனம்’ நூலின் முதல் தொகுதியில் (1867) குரூசோவை எடுத்துக்காட்டாகக் கொள்ளும் கார்ல் மார்க்சு, அவனுடைய செபங்களைத் தாம் கணக்கில் சேர்க்கவில்லை என்றும், அவை அவனுக்கு ஒருவகைப் பொழுதுபோக்கே என்றும் எள்ளலோடு ஒதுக்கிவிடுகிறார். குரூசோவின் உழைப்பு வேறு, செபம் வேறு என்று பிரித்துப் பார்த்ததால் வந்த தீர்ப்பு இது. நூலை நிதானமாக வாசிப்பவர்க்கு, அவனுடைய செபங்கள் வேலியிலும் விதையிலும் அப்பம் சுடும் சட்டியிலும் ஒட்டிக்கொண்டே வருவது தெரியும். ஆயினும் மார்க்சின் எள்ளலில் ஓர் உண்மை உண்டு. தொடக்கத்தில் குரூசோ செய்வது கணக்கு எழுதுவதுதான்.

1659 செப்டம்பர் 30 அன்று கரையொதுங்கிய அவன், கப்பல் முற்றிலும் உடைந்து போவதற்குள் பன்னிரண்டு முறை அதற்குச் சென்று தச்சுக் கருவிகளையும் உணவையும் துணியையும் கொண்டுவருகிறான். குன்றின் அடியில் கூடாரம் அமைத்து, சுற்றி வேலி கட்டி, நாற்காலியும் மேசையும் செய்கிறான். தாளை இரண்டாகப் பிரித்து, வணிகர் வரவு செலவு எழுதுவதுபோல், தன் நிலையின் தீமைகளை ஒரு பக்கமும் நன்மைகளை மறுபக்கமும் எழுதுகிறான். ஆளற்ற தீவில் அகப்பட்டான். ஆனால் தோழர் அனைவரும் மூழ்கியிருக்க அவன் மட்டும் உயிரோடு இருக்கிறான். உடுத்த ஆடையில்லை, ஆனால் ஆடை தேவைப்படாத வெப்பநாடு. 1692இல் பெருங்கடனில் நொடித்துப்போன வணிகரல்லவா டீஃபோ? இந்தப் பக்கத்தை அவர் அனுபவித்தே எழுதியிருக்க வேண்டும்.

நன்றியுணர்வுக்கு எடுத்துக்காட்டாக இந்தப் பட்டியலைப் பலர் பாராட்டுவர். என்னால் இயலவில்லை. பிறர் இறந்தார்கள், நான் பிழைத்தேன் என்பதில் ஆறுதல் இருக்கலாம். ஆனால் அந்த ஆறுதல், தன்னை மற்றவரோடு ஒப்பிட்டுக் கோவிலில் நன்றி சொன்ன பரிசேயனின் செபத்திற்கு மிக அருகில் நிற்கிறது. 2004 திசம்பர் 26க்குப் பிறகு, கடலோரத்தில் பணியாற்றிய எங்களில் சிலரும் இதே குரலில் பேசினோம். நம் ஊரில் சாவு குறைவு, இறைவனுக்கு நன்றி என்று பீடத்தில் நின்று நான் சொன்னதுண்டு. அடுத்த ஊரில் அடக்கச் சடங்குகள் நடந்துகொண்டிருந்தன. குரூசோ மனம் திரும்புவதற்கு முன்னரே இந்தப் பட்டியலை எழுதுவதாக டீஃபோ அமைத்திருப்பது தற்செயல் அன்று என்றே கருதுகிறேன்.

அடுத்து வருவது நூலின் மிகச் சிறந்த பகுதி. கோழித் தீவனம் வைத்திருந்த பையொன்றில் எலி தின்று மிஞ்சிய உமி மட்டுமே கிடப்பதாக எண்ணி, வேறொன்றுக்குப் பை தேவைப்பட்டதால், குரூசோ அதைப் பாறையடியில் உதறிவிட்டு மறந்துபோகிறான். மழை பெய்கிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் பச்சைத் தாள்கள் தலைநீட்டுகின்றன. பின்னர் பத்துப் பன்னிரண்டு வாற்கோதுமைக் கதிர்கள். விதையின்றியே இறைவன் தனக்காக முளைக்கச் செய்தார் என்று நம்பிக் கண்ணீர் விடுகிறான். அதுவரை கடவுளைப் பெரிதாக எண்ணாதவன் அவன். சில நாளில் பையை உதறியது நினைவுக்கு வருகிறது. வியப்பு போகிறது. வியப்போடு தன் நன்றியும் தணியத் தொடங்கியதை அவனே ஒப்புக்கொள்கிறான்.

இந்த ஒப்புதலை வாசித்தபோது நூலை மூடிவைத்தேன். காரணம் உண்டு. நான் இங்கு வந்த முதல் வாரத்தில், விடியற்காலைத் திருப்பலி முடிந்து திரும்பும்போதெல்லாம் பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கும். எங்கள் கிணற்று நீர் உப்பு. பங்கு மக்களில் யாரோ ஒருவர் அன்போடு கொண்டுவந்து வைக்கிறார் என்று உருகிப்போனேன். ஞாயிறு மறையுரையிலும் அதைக் குறிப்பிட்டேன். அதன்பின் கோயிற்பிள்ளை, “சாமி, அந்த அம்மாவுக்கு மாசாமாசம் பங்குக் கணக்கிலிருந்து சம்பளம் உண்டு” என்றார். அன்றே என் நன்றி பாதியாகக் குறைந்தது. மறுநாளும் குடம் இருந்தது. தண்ணீரும் அதே தண்ணீர்தான்.

குரூசோ அங்கேயே நின்றுவிடவில்லை. எலிகள் எல்லாவற்றையும் அழித்திருக்க, பத்துப் பன்னிரண்டு மணிகள் மட்டும் கெடாமல் மிஞ்சியது எப்படி? பாறை நிழலில், உடனே முளைக்கக்கூடிய அந்த இடத்திலேயே தான் உதறியது எப்படி? வேறிடத்தில் எறிந்திருந்தால் வெயிலில் கருகியிருக்குமே. வானத்திலிருந்து விழுந்தாற்போல் இதற்கும் நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னாளில் எழுதுகிறான். குருமடத்தில் புனித தோமா அக்குவினாவின் வழியில் முதற்காரணம், துணைக்காரணங்கள் என்று நாங்கள் மனப்பாடம் செய்ததுண்டு. இறைவன் படைப்புகளின் வழியாகவும், மனிதரின் மறதி வழியாகவும்கூடச் செயல்படுகிறார். காரணம் தெரிந்துவிட்டதால் அவர் செயல் இல்லாமற் போவதில்லை. தேர்வில் நான் எழுதிய விடை இதுவே. கத்தோலிக்கர் அல்லாத, பிரிவினைச் சபையொன்றில் வளர்ந்த டீஃபோ, ஒரு கோழித் தீவனப் பையைக் கொண்டு அதை எனக்கு விளக்கினார்.

அந்த மணிகளை அவன் உடனே தின்னவில்லை. சேர்த்துவைத்து விதைத்தான். முதல் விதைப்பு பருவம் தவறியதால் வீணாயிற்று. நான்காம் ஆண்டில்தான் அதிலிருந்து சிறிதளவு உண்ணத் தனக்கு அனுமதி கொடுத்தான். மண்வெட்டியில்லை, உரலில்லை, சல்லடையில்லை, அடுப்பில்லை. ஓர் அப்பம் உருவாக எத்தனை சிறு சிறு பொருள்கள் வேண்டியிருக்கின்றன என்று வியந்து, இதைச் சிந்தித்தவர் சிலரே என்கிறான். நாள்தோறும் காணிக்கைப் பகுதியில் அப்பத்தைக் கையிலேந்தி, அதை நிலத்தின் விளைவென்றும் மனித உழைப்பின் பயனென்றும் சொல்லும் நான், அந்தச் சிலருள் ஒருவனாக இருந்தேனா என்பது எனக்கே ஐயம்.

நூல் முழுவதும் இத்தரத்தில் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். காய்ச்சலில் கிடக்கும் குரூசோ கனவு கண்டு அஞ்சி, பெட்டியில் கிடந்த திருவிவிலியத்தை எடுத்து 50ஆம் திருப்பாடலின் 15ஆம் வசனத்தில் கண்பதிக்கும் நிகழ்ச்சி சிறப்பானது. ஆனால் அதைச் சுற்றி டீஃபோ பக்கம் பக்கமாகப் போதிக்கிறார். மறையுரை ஆற்றுபவனாகிய எனக்கே அலுப்புத் தட்டியது. (கப்பலிலிருந்து மீட்ட பொருள்களில் கத்தோலிக்கச் செபநூல்கள் இரண்டு மூன்றும் இருந்தன. பத்திரமாக எடுத்துவைத்தானே தவிர, அவற்றைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை!)

போதனையை விட்டு விலகும் இடங்களில் டீஃபோ வெல்கிறார். தீவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட குரூசோ, ஒரு மாதத்திற்கு மேல் வெளியில் அலைந்துவிட்டு, கிளியொன்றோடு திரும்புகிறான். தன் பழைய குடிசைக்குள் நுழைந்து தூங்கு கட்டிலில் சாய்ந்தபோது அடைந்த நிறைவைச் சொல்ல அவனுக்குச் சொற்கள் போதவில்லை. ‘என் வீடு’ என்கிறான். சிறை என்று எந்த இடத்தைப் புலம்பினானோ, அதே இடம். இங்கே பட்டியல் இல்லை, வேதவசனம் இல்லை. களைத்த உடம்பு, பழகிய படுக்கை, அவ்வளவே. மறைமாவட்டக் கூட்டத்திற்குச் சென்று நான்கு நாள் கழித்துத் திரும்பிய ஓர் இரவில், ஒழுகும் ஓட்டின் கீழ் வைத்த வாளியில் நீர் சொட்டும் ஓசையைக் கேட்டபடி நிம்மதியாக உறங்கிப்போனேன். புது இடம் வீடாகிவிட்டது என்பதை மறுநாள் காலையில்தான் உணர்ந்தேன்.

ஆனால் இடம் வீடாகிவிட்டது என்பதற்காக, வந்த வழியையும் போற்றவேண்டுமா? இக்கேள்வியை டீஃபோ தவிர்க்கவில்லை. ஒருநாள், தன்னை இத்தீவுக்குக் கொண்டுவந்ததற்காகவே இறைவனுக்கு நன்றி சொல்ல வாயெடுக்கிறான் குரூசோ. ஏதோ ஒன்று உள்ளத்தைத் தாக்க, சொல் நின்றுபோகிறது. விடுதலைக்காக மன்றாடிக்கொண்டே இந்நிலைக்கு நன்றி சொல்வது வெளிவேடம் அல்லவா என்று தன்னையே கடிந்துகொள்கிறான். இங்கிருப்பதற்கு நன்றி என்று சொல்ல அவனால் முடியவில்லை. தன் கண்களைத் திறந்ததற்கு நன்றி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறான்.

சுனாமிக் குடியிருப்பில் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றது என் நினைவுக்கு வந்தது. கடலிலிருந்து தள்ளிக் கட்டப்பட்ட காங்கிரீட் வீடு. ஓலைவீட்டில் இருந்தவர்களுக்கு ஆண்டவர் நல்ல வீடு தந்தார், எல்லாம் அவர் சித்தம், எல்லாவற்றிற்கும் நன்றி சொல்லுவோம் என்று செபித்தேன். அவ்வீட்டு மூதாட்டி பேரனைக் கடலுக்குக் கொடுத்தவர். தீர்த்தம் தெளித்து முடிந்ததும் என்னிடம் மெல்லச் சொன்னார்: “சாமி, இந்த வீட்டுக்கு நன்றி சொல்லுறேன். இங்க வந்து சேர்ந்த வழிக்குச் சொல்லமாட்டேன்.” அன்று அதை விசுவாசக் குறைவு என்று நினைத்து, அறிவுரை வேறு கூறினேன். இப்போது அவரைச் சந்தித்தால் அவர் காலடியில் அமர்ந்து கேட்பேன். எல்லாவற்றிற்கும் நன்றி என்று விரைந்து சொல்லிவிடுகிறவன் எதையும் உற்றுப் பார்த்தவன் அல்லன். அந்தத் தாய் உற்றுப் பார்த்திருந்தார்.

இனி நூலின் பெரிய குறையைச் சொல்லியாக வேண்டும். நன்றிகேட்டிற்குப் பல படிகள் உண்டு. பெற்ற நன்மையை நன்மையென்று அறியாதிருப்பதே, மறந்தேபோவதே, அவற்றுள் கொடியது என்பார் புனித தோமா. குரூசோவை இந்த அளவுகோலால் அளந்தால் என்ன கிடைக்கும்? தீவிலிருந்து 28 ஆண்டுகளுக்குப் பின் மீண்டு, செல்வனாகி, தனக்கு உதவிய போர்த்துக்கீசியக் கப்பல் தலைவருக்கு ஆண்டுதோறும் பொன் தர ஏற்பாடு செய்கிறான். தன் பணத்தைக் காத்துத் தந்த இலண்டன் கைம்பெண்ணுக்கும் கைம்மாறு செய்கிறான். கடன் வைக்காதவன் என்று நாமும் மகிழ்கிறோம்.

ஆனால் ஸூரியை நினைத்துப் பாருங்கள். தீவுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு குரூசோ மொராக்கோவில் அடிமையாக இருந்து படகில் தப்பியபோது உடன்வந்த சிறுவன் அவன். நீர் தீர்ந்து, காட்டு விலங்குகள் உறுமும் கரையருகே படகு நின்றபோது, குடத்தோடு தானே இறங்கிச் சென்று நீர் கொண்டுவர முன்வந்தவன். ஏன் நீ போகவேண்டும் என்று குரூசோ கேட்க, கொல்லப்பட்டால் நான் கொல்லப்படுகிறேன், நீர் தப்பிச் செல்லலாம் என்ற பொருளில் விடை சொன்னவன். அவனைத்தான் குரூசோ, அதே கப்பல் தலைவருக்கு அறுபது வெள்ளிக் காசுகளுக்கு விற்றுவிட்டான். கிறித்தவனாக மாறினால் பத்தாண்டில் விடுதலை என்ற நிபந்தனையோடு! வாங்கியவரும் விற்றவரும் கிறித்தவர்கள். பிரேசிலில் தோட்ட வேலைக்கு ஆள் வேண்டியிருந்தபோது, ஸூரியைக் கைவிட்டது தவறு என்று வருந்துகிறான். அந்த வருத்தத்திலும் வேலைக்கான கை குறைந்ததே பெரிதாகத் தெரிகிறது. கப்பலேறித் தீவில் வந்து அகப்பட்டதோ அடிமைகளைப் பிடித்துவரச் சென்ற பயணத்தில்.

பாறையடியில் முளைத்த பத்துக் கதிர்களுக்குக் காரணம் தேடிய கூர்மதி, தன் உயிரைக் காத்த சிறுவனிடம் திரும்பவில்லை. டீஃபோ இதை அறிந்தே எழுதினாரா, அவர் காலத்துக் குருட்டுத்தனம் இதுவா என்று ஆய்வாளர் வாதிடலாம். இரண்டாவதே சரி என்பது என் எண்ணம். எப்படியாயினும், முழு நூலை வாசிப்பவர் இந்தப் பக்கங்களையும் தாண்டாமல் வாசிக்கவேண்டும். லிஸ்பனில் அந்தக் கப்பல் தலைவரை முதுமையில் மீண்டும் சந்திக்கிறான் குரூசோ. தோட்டத்தின் வருவாயைப் பற்றி இருவரும் விரிவாகப் பேசுகிறார்கள், கணக்குகள் சரிபார்க்கப்படுகின்றன. ஸூரி என்னவானான் என்று அவன் கேட்கவில்லை.

தண்ணீர் கொண்டுவரும் அம்மாவின் பெயரை நான் விசாரித்தது, நூலை முடித்த மறுநாள். அதற்குள் இரண்டு மாதம் கடந்திருந்தது.