மூன்று அகரங்கள்: ஆத்திசூடி மரபும் தொடக்கப் பள்ளியில் மதிப்புப் பயிற்சியும்

எழுத்தறியும் பருவத்திலேயே அறமும் அறிதல் வேண்டும் என்னும் நோக்குடன் எழுந்த நூல் ஒளவையாரின் ஆத்திசூடி. உயிரும் ஆய்தமும் முதலாகத் தொடங்கி, அகரமேறிய உயிர்மெய்களைக் கடந்து, ககரம், சகரம், தகரம், நகரம், பகரம், மகரம், வகரம் என்னும் வருக்கங்களில் நடந்து முடிவது அது. நெடுங்கணக்கையே அறத்தின் வரிசையாக்கிய அமைப்பு அதனுடைய தனிச் சிறப்பு. அவ்வமைப்பின் ஆற்றலை உணர்ந்தே 20ஆம் நூற்றாண்டில் பாரதியார் புதிய ஆத்திசூடி இயற்றினார். பாரதிதாசனாரும் தம் பெயரால் ஓர் ஆத்திசூடி தந்தார். இம்மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்வளமும் கருத்து வளமும் காட்டியோர் பலர். நாம் ஈண்டு எழுப்பும் வினா வேறு. ஒரே வகுப்பில் அருகருகே அமரும் இரு குழந்தைகள் ஒருவரையொருவர் மதித்தலை இந்நூல்கள் எவ்வளவு கற்பிக்கின்றன?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த மாணவர் ஒருவரும் அவர்தம் தங்கையும், அவருடன் பயின்ற மாணவர்களாலேயே வீட்டில் வெட்டப்பட்டனர். அதன்பின் அமைக்கப்பெற்ற நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டலாகாது என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அறநூல் பயிலாத நாடன்று நம்முடையது. முதல் வகுப்பிலேயே அறத்தைப் பாடமாக்கிய மரபு நமக்கு உண்டு. அங்ஙனமாகவும் மேல்வகுப்பு மாணவன் கையில் கயிறு ஏறியது எவ்வாறு என்று தமிழாசிரியராகிய நாம் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

மதிப்பின் மூவகை

மதித்தல் என்னும் பண்பை மூவகையாகப் பகுத்துக் காணலாம். மேலோரிடத்துக் காட்டுவது பணிவு. எளியோரிடத்துக் காட்டுவது பரிவு. ஒத்தாரிடத்துக் காட்டுவது மதிப்பு. முதலிரண்டும் ஒருவழிச் செல்வன. மூன்றாவது கொடுக்கல் வாங்கலாய் அமைவது. குடிமைப் பண்பு என இன்று நாம் கூறுவது இம்மூன்றாவதையே அடிப்படையாகக் கொண்டது.

பழைய அறநூல்கள் பணிவையும் பரிவையும் நிரம்பப் பேசுகின்றன. தாய் தந்தையர், ஆசிரியர், சான்றோர் ஆகியோரைப் பேணுமாறும், இரப்போர்க்கு இல்லை என்னாது ஈயுமாறும் அவை குழந்தைக்குச் சொல்கின்றன. பக்கத்தில் அமர்ந்திருப்பவனைப் பற்றி அவை பேசுவது குறைவு. பேசும் இடங்களிலும் அவனோடு பழகத்தக்கதா என ஆராய்ந்து பழகு என்னும் எச்சரிக்கையே மிகுதி.

ஆயினும் ஒளவையார்க்கு நீதி செய்தல் வேண்டும். கடுஞ்சொல் விலக்கல், இனிமை தோன்றப் பேசுதல், வழக்கில் ஒருபாற் சாயாது உரைத்தல் என நாவின் அறத்தை அவர் பன்முறை வற்புறுத்துகிறார். மேலும், ஒகரத்திற்கு அவர் தேர்ந்த சொல் ஒப்புரவு. உலக நடையை அறிந்து ஒழுகுதல் என உரையாசிரியர் அதற்குப் பொருள் கூறுவர். ஒப்பு என்பதை அடியாகக் கொண்ட அச்சொல்லில், பிறரைத் தன்னோடு ஒப்ப எண்ணுதல் என்னும் கருத்தும் உள்ளுறைந்து கிடக்கிறது. அதனை வெளிக்கொணர்தல் கற்பிப்போர் கடமை. நல்வழியில் அவரே, ஈவோர் உயர்ந்தோர், ஈயாதோர் தாழ்ந்தோர், சாதி இவ்விரண்டே எனப் பிறப்பு வேற்றுமையை மறுத்துரைத்தமையும் மறத்தற்கில்லை.

அகரமும் ஙகரமும்

மூன்று நூல்களின் அகரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒளவையார் அறத்தை விரும்புமாறு பணிக்கிறார். பாரதியார் அச்சத்தை விட்டொழிக்குமாறு பணிக்கிறார். பாரதிதாசனார் மக்கள் யாவரும் ஒருவர்க்கொருவர் சுற்றத்தார் என்கிறார். முதலிரண்டும் ஏவல், கேட்பவன் ஒருவன், அவன் செய்ய வேண்டிய செயல் ஒன்று. மூன்றாவதில் ஏவல் வினையே இல்லை. உள்ளதை உள்ளவாறு கூறும் பெயர்ப் பயனிலைத் தொடர் அது. ஒருவன் தனியே நின்று அறம் விரும்பலாம். தனியே நின்று அஞ்சாதிருக்கலாம். தனியே நின்று உறவினனாதல் இயலாது. உறவு இருவரை வேண்டும் சொல். ஆகவே மூன்று அகரங்களுள் ஒத்தார் மதிப்பிற்கு இடம் தருவது பாரதிதாசனாரின் அகரமே என்பது நம் துணிபு. புதுவையில் பள்ளி ஆசிரியராகப் பல்லாண்டு பணியாற்றிய அவர், ஒரு குழந்தையைக் கருதாது வகுப்பு முழுவதையும் கருதி அகரத்தை அமைத்தார் போலும்.

இதனோடு ஒளவையாரின் ஙகர அடியை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். ஙகரம் ஒன்றே சொல்லிற் பயன்பட்டுத் தன் வருக்கத்து ஏனை எழுத்துகளையும் நெடுங்கணக்கில் தழுவி நிற்றல்போல, நீயும் நின் இனத்தாரைத் தழுவுக என உரை கூறுவர். எழுத்தின் இயல்பைக் கொண்டே அறத்தைப் புலப்படுத்தும் நயம் வியக்கத்தக்கது. ஆனால் தழுவப்படுவோர் யாவர்? தன் வருக்கத்தார். இனம் என்னும் சொல்லைச் சுற்றத்தார் என்று கொண்டால் தீங்கில்லை. சாதி என்று கொள்ளும் சூழலில் அக்குழந்தை வளருமாயின், தழுவுதலே பிரித்தலாய் முடியும். பாரதிதாசனார் அதே சுற்றத்தைத்தான் பேசுகிறார். அதன் எல்லையை மட்டும் நீக்கிவிடுகிறார். புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் காட்டிய நெறியும் இதுவே. எனவே இது மரபிற்குப் புறம்பான புதுமை ஆகாது; மரபின் ஒரு கிளை மற்றொரு கிளையைத் திருத்துவதாகும்.

தையல் என்னும் சொல்

வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் தகர வருக்கம். தையல் என்னும் ஒரே சொல்லை இரு புலவரும் எடுத்தாள்கின்றனர். பெண்ணின் சொல்லைக் கேளாதே என்று ஒளவையார் பெயரால் வழங்கும் நூல் கூறுகிறது. அவளை உயர்த்துமாறு பாரதியார் கூறுகிறார். முன்னதை மனைவியின் தகாத சொல் எனச் சுருக்கிப் பொருள் கொள்வாரும் உளர். அச்சுருக்கம் மூலத்தில் இல்லை. உரையில் வந்து சேர்ந்தது. ஒரு பெண்பாற் புலவர் பெயரிலேயே இவ்வடி வழங்குவது இலக்கிய வரலாற்றின் முரண்களுள் ஒன்று. இதனை முதல் வகுப்பில் ஓதுவித்தல் தகாது. மேல்வகுப்பில் இரு அடிகளையும் அருகருகே வைத்துக் கற்பித்தலே முறை. மறைத்தலினும் ஒப்பிடுதல் மாணவர்க்கு நன்று.

பாரதியார் மேலும் ஒருபடி சென்று, யகர வருக்கத்தில், எவராயினும் அவரை மதித்து வாழ்தல் வேண்டும் என வெளிப்படையாகவே விதிக்கிறார். நூலின் காப்பில், ஆத்தி மாலை அணிந்த இறைவனோடு, பாற்கடலில் கிடப்போனையும் முகமது நபிக்கு மறை அருளியோனையும் ஏசுவின் தந்தையையும் ஒன்றாக வைத்துப் பரவுகிறார். பல சமயக் குழந்தைகள் அமர்ந்துள்ள வகுப்பில், தன் வீட்டில் வணங்கும் இறைவன் பாடத்தின் முதற்பக்கத்திலேயே குறிக்கப்படுவதை ஒவ்வொரு குழந்தையும் காணும். மதிப்பு என்பது யாது என விளக்குவதினும் இக்காட்சி வலிமை உடையது.

நூலும் பள்ளியும்

இனி, நூல் கூறுவது ஒன்று. பள்ளி காட்டுவது ஒன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை முறை சொல்ல ஏனையோர் திருப்பிச் சொல்வர். பிழைத்தால் பிரம்படி விழும். இன்சொல் கூறும் அடியையும் அடிக்கு அஞ்சியே மனனம் செய்தனர். அத்திண்ணையில் அமர்ந்தோர் யாவர் என்பதும் கருதத்தக்கது. சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் ஆணையிட்டுத் தொகுத்த கணக்கு 1826இல் முடிவுற்றபோது, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தமை தெரியவந்தது. அவர்களுட் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. ஒளவையின் சொல் ஒளவையின் பேத்தியர்க்கு எட்டவில்லை.

இந்நிலையை மாற்றியதில் பாடநூலுக்கு உள்ள பங்கினும் சாப்பாட்டுத் தட்டுக்கு உள்ள பங்கு பெரிது எனக் கூறுவது மிகையாகாது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் பரவத் தொடங்கிய பகலுணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022இல் தொடக்க வகுப்புகட்கு வந்த காலை உணவும் பசியைத் தீர்த்ததோடு, பல குடிப் பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்த்தின. சமைப்பவர் இன்ன சாதியினர் என்பதற்காகப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை உண்ணவிடாது தடுத்த நிகழ்ச்சிகளும் உள. அப்பந்தி உண்மையில் ஒரு பாடமே என்பதற்கு அத்தடையே சான்று. பயனற்ற பாடத்தை எவரும் அஞ்சித் தடுப்பதில்லை.

விகுதியில் வாழும் மதிப்பு

இதனினும் நுண்ணிய பாடம் ஒன்று உண்டு. அது நம் மொழியின் வினைமுற்றில் உள்ளது. தமிழில் மதிப்பு தனியே ஒரு சொல்லாக நில்லாது, விகுதியில் வாழ்கிறது. யாரை வா என்பது, யாரை வாங்க என்பது என்னும் வேறுபாட்டைக் குழந்தை பள்ளிக்கு வருமுன்னரே கற்றுவிடுகிறது.

சில ஆண்டுகட்கு முன் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளி ஒன்றனுக்கு நாம் சென்றிருந்தோம். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து பாரதியாரின் ஆத்திசூடியைப் பிழையின்றி ஓதினான். எல்லாரையும் மதிக்கச் சொல்லும் அடியையும் குரல் உயர்த்தி ஓதினான். நாம் மகிழ்ந்தோம். இடைவேளையில் அவனே முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த அறுபது வயது மூதாட்டியைப் பெயர் சொல்லி அழைத்து, தண்ணீர் கொண்டு வா என்றான். அம்மூதாட்டியோ அவனைத் தம்பி என அழைத்து, இதோ வருகிறேன் என்றார். ஆசிரியை திரும்பிப் பார்க்கவில்லை. நமக்கும் அது அப்பொழுது உறைக்கவில்லை. வீடு திரும்பும் வழியிலேதான் உறைத்தது. அன்று பிழை செய்தவன் அச்சிறுவன் மட்டும் அல்லன். அவனுக்கு அடியைக் கற்பித்தோம். விகுதியைக் கற்பித்தோம் அல்லோம்.

ஈண்டுத் தொல்காப்பியர் நமக்குத் துணை வருகிறார். ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்சொல், வழக்கினால் வந்ததே அன்றி இலக்கண விதியால் வந்ததன்று எனக் கிளவியாக்கத்தில் அவர் வரையறுத்துள்ளார். இலக்கணம் பற்றிய அக்கூற்றில் சமுதாய உண்மை ஒன்றும் அடங்கியுள்ளது. இன்னார்க்குப் பன்மை, இன்னார்க்கு ஒருமை என மொழி விதிக்கவில்லை, ஊர் விதித்தது. வழக்கினால் வந்தது வழக்கினால் மாறும். புதிய வழக்கு தோன்றுதற்கு உரிய இடம் தொடக்கப் பள்ளியே.

ஆகவே ஆத்திசூடியைக் கைவிட வேண்டுவதில்லை. கற்பிக்கும் முறையையே மாற்றல் வேண்டும். மூன்று அகரங்களையும் ஒருங்கு கற்பிக்கலாம். ஒவ்வோர் அடியையும் ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும் முறையை விடுத்து, இருவர் எதிரெதிர் நின்று ஒருவர்க்கொருவர் சொல்லும் முறையைக் கொள்ளலாம். பெருக்குவோர், சமைப்போர், காவலர் ஆகிய அனைவரையும் ஆசிரியரே பன்மை விகுதியால் அழைக்கலாம். குழந்தைகளையும் அவ்வாறே அழைத்துப் பார்க்கலாம். இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை. ஆசிரியர் நா ஒன்றே வேண்டும்.

மறுமுறை ஒரு சிறுவன் அவ்வடியை ஓதக் கேட்டால், நாம் அவன் ஓதும் திறத்தை அளந்து அமைய மாட்டோம். ஓதி முடித்து அவன் முற்றத்திற்குச் செல்லும்வரை காத்திருப்போம். அம்மூதாட்டியை அவன் அழைக்கும் சொல்லின் ஈறே அவன் எழுதும் தேர்வு. நம் தேர்வும் அதுவே.