பாட்டுப் புத்தகமும் பொம்மையும்: திரைப்படச் சேகரிப்புப் பற்றிய ஒரு நோக்கு

திரைப்படத்தைப் பற்றி எழுதும் நம் விமர்சகர்கள் கதையை ஆராய்வர், நடிப்பை எடைபோடுவர், பாடலின் கருத்து நன்றோ தீதோ எனத் தீர்ப்பு வழங்குவர். ஆனால், படம் முடிந்து படமாளிகையின் கதவு திறந்த பின்னர் இரசிகன் தன்னோடு வீட்டுக்கு எடுத்துச் செல்வது யாது என்ற வினாவை அவர்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு, கதை வசன நூல், பொம்மை ஆகியன வணிகத்தின் உதிரிச் சரக்குகள் என ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. இவ்வொதுக்கல் பொருத்தமானதன்று. ஒரு படைப்பு மக்களிடையே எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு இவ்வுதிரிப் பொருள்களே பெருஞ் சான்றுகள். எனினும், அவை யாவும் ஒரே தன்மையன அல்ல; அவற்றைத் தரம் பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலை மட்டக்களப்பு வாவிக்கரையின் கூத்து மரபிலிருந்தே பெறலாம் என்பது எமது துணிபு.

திரைப்படச் சேகரிப்பு என்றவுடன் உலகம் இன்று முதலில் நினைப்பது ஜோர்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வோர்ஸ்' படவரிசையையேயாகும். அதன் முதற்படம் 1977 மே 25ஆம் திகதி அமெரிக்காவில் வெளியாயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, 1976இன் இறுதியில், அதன் கதை நாவலாக வந்துவிட்டது. நூலின் முகப்பில் லூகாஸின் பெயர் இருந்தது. எழுதியவரோ அலன் டீன் பொஸ்டர். ஜோன் வில்லியம்ஸ் அமைத்து இலண்டன் சிம்பொனி வாத்தியக்குழு இசைத்த பின்னணி இசை இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது. பொம்மைகளைச் செய்யும் உரிமை கென்னர் என்னும் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அவ்வாண்டு நத்தாருக்குள் அவற்றைச் செய்து முடிக்க இயலாமையால், பிற்பாடு நான்கு பொம்மைகளைப் பெறுவதற்கான சான்றுச்சீட்டை ஓர் அட்டை உறைக்குள் வைத்து அந்நிறுவனம் விற்றது. பொம்மையின் உயரம் மூன்றே முக்கால் அங்குலம். இன்னும் செய்யப்படாத பொருளைக்கூடப் பெற்றோர் பணம் கொடுத்து வாங்கினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. இத்தகைய பொருள்களின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்ட லூகாஸ் பெருஞ்செல்வரானார். அவரது நிறுவனத்தை 2012இல் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 405 கோடி டொலருக்கு வாங்கியது.

இவ்வரலாற்றைக் காண்போர், திரைப்படச் சேகரிப்பென்பது ஹொலிவூட் முதலாளித்துவத்தின் பிள்ளை எனக் கூறிவிடுதல் எளிது. ஆனால், தமிழர் இதனை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே நன்கறிந்திருந்தனர். 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கிய காலந்தொட்டுப் பாட்டுப் புத்தகமும் உடன் வந்தது. மலிந்த தாளில் அச்சான சில பக்கங்கள், நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல்கள். 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யின் வசனம் நூலாகி, படம் பார்த்தவரும் பாராதவரும் மனனஞ்செய்யும் பாடமாயிற்று. 'திருவிளையாடல்' (1965) போன்ற படங்களின் வசனங்கள் இசைத்தட்டுகளாயின. வானொலியின் ஒலிச்சித்திரம் படத்தைக் காதுக்கு மட்டுமே உரியதாக்கியது. 'ஸ்டார் வோர்ஸ்' படத்தின் உரையாடலையும் ஓசைகளையும் கதைசொல்லியின் குரலோடு தொகுத்து 1977இல் ஓர் இசைத்தட்டு வெளியிடப்பட்டது. அது நம்மவர்க்குப் புதுமையாக இருந்திராது.

இரு நாட்டிலும் ஒரே வகைப் பொருள் தோன்றியமைக்குக் காரணமும் ஒன்றே. படம் போய்விடும், திரும்பி வருமென்ற உறுதி இல்லை. 'ஸ்டார் வோர்ஸ்' ஒளிநாடாவாக வெளிவந்தது 1982இலேயே. அதுவரை அமெரிக்கச் சிறுவனுக்கும் படத்தை நினைத்தபோது காணும் வாய்ப்பு இருக்கவில்லை. பொம்மையும் இசைத்தட்டும் நாவலும் அவ்வில்லாமையை நிரப்பின. நமது வாவிக்கரையில் அவ்வில்லாமை இன்னும் ஆழமானது. படமாளிகைகள் எழுவான்கரையின் நகர்ப்புறத்தில் இருந்தன. படுவான்கரையின் உழவனுக்குப் படம் பார்த்தல் என்பது வாவியைக் கடந்து செல்லும் ஒருநாட் பயணம். மறுமுறை காணல் அரிது. 1970களின் முற்பகுதியில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. எனவே, கையிலிருந்த பாட்டுப் புத்தகமும் இலங்கை வானொலியின் குரலும் சேர்ந்தே படத்தின் எஞ்சிய வாழ்வாயின. திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலிபெருக்கி கட்டியவர்களின் இசைத்தட்டுப் பெட்டிகள் ஊரின் பொதுச் சொத்துப்போல் இயங்கின. அவற்றை வைத்திருந்தவர் ஒருவர். கேட்டது ஊர் முழுவதும்.

இங்கே அளவுகோல் பற்றிய வினா எழுகின்றது. வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பழக்கும் முறையில் 'சட்டங்கொடுத்தல்' என்றொரு நிகழ்வு உண்டு. ஆடவிருப்போரைத் தெரிந்த பின்னர், அண்ணாவியார் அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கொடுப்பார். அச்சட்டம் ஒரு பொருள், தாளில் எழுதப்பட்டது, வீட்டில் வைத்துப் பேணப்படுவது. ஆயினும் அதன் பெறுமதி தாளில் இல்லை. அதைப் பெற்றவன் பாடவேண்டும், ஆடவேண்டும், சதங்கை அணிந்து களரியேற வேண்டும். சட்டத்தைப் பெற்றுப் பெட்டியில் பூட்டிவைப்பவனைக் கூத்தன் என்று ஊரவர் சொல்லார். சுருங்கக் கூறின், ஒரு படைப்பிலிருந்து பிரிந்து நம் கைக்கு வரும் பொருள் நம்மை மீண்டும் அப்படைப்பின் பங்காளியாக்குகின்றதா, அன்றி வெறும் உடைமையாளனாக்குகின்றதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இவ்வளவுகோலால் நோக்குமிடத்துப் பாட்டுப் புத்தகம் உயர்ந்து நிற்கின்றது. அதில் இசைக்குறிப்பு இல்லை. மெட்டை அறிந்தவனுக்கே அது பேசும். அறியாதவன் அறிந்தவனிடம் செல்லவேண்டும். அதன் கதைச் சுருக்கமோ முக்கியமான இடத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு கூறிவிடும். இது வணிகத் தந்திரம் என்பதில் ஐயமில்லை. ஆனால், வெள்ளித்திரையை எட்டமுடியாத வாசகன் மீதியைத் தானே புனைந்துகொண்டான். தந்திரம் செய்தவர் எண்ணியிராத பயன் அது. கூத்தின் சட்டத்துக்கு அச்சுருவில் கிடைத்த ஓர் உறவுமுறை பாட்டுப் புத்தகம் எனலாம்.

அவ்வாறாயின் பொம்மையை இழிந்ததெனத் தள்ளலாமா? தள்ளலாகாது. மூன்றே முக்கால் அங்குலப் பொம்மை சிறுவனின் கையிலிருக்கும்வரை அதுவும் ஒரு சட்டமே. படத்தில் சந்தியாத இருவரை அவன் சந்திக்க வைக்கிறான்; இறந்தவனை எழுப்புகிறான்; கதையைத் தன் முற்றத்து மண்ணில் தொடர்கிறான். இழிவு நிகழ்வது வேறோரிடத்தில். உறை பிரிக்கப்படாத பொம்மைக்கே ஏலத்தில் பெருவிலை என்ற நிலை வந்தபோது, விளையாடப்படாமையே பொருளின் சிறப்பாயிற்று. விளையாட்டுப் பொருளின் பெறுமதி விளையாட்டின்மையால் அளக்கப்படும் இம்முரண்பாட்டைவிடப் பண்டமாயைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. இசைத்தட்டு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கேட்கக் கேட்கத் தேயும். தேயாமலிருப்பின் கேட்கப்படவில்லை என்பதே பொருள்.

விண்வெளிக் கற்பனை தமிழ்த் திரைக்கும் அந்நியமானதன்று. ஏ. காசிலிங்கத்தின் நெறியாள்கையில் எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்த 'கலை அரசி' 1963இல் வெளிவந்தது. அறிவியலில் முன்னேறிக் கலையில் வறுமையுற்ற வேற்றுக்கோளொன்றின் மக்கள், தமக்கு இசை கற்பிக்கவெனப் பூவுலகின் பாடகி ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். படத்தின் குறைபாடுகள் பல. அதன் விண்கலங்களும் விந்தை மனிதரும் இன்று நகைப்பையே தருவர். ஆயினும் அதன் கருவில் நமது பொருளுக்குரிய ஆழ்ந்த உண்மையொன்று உண்டு. அக்கோளினர் பாட்டைச் சேகரிக்க வந்தவர்கள். பாட்டைத் தனியே எடுத்துச் செல்ல முடியாது, பாடுபவளையே கொண்டுசென்று அவளிடம் கற்கவேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கற்க முனைந்தமை அவர்களின் அறிவு. கவர்ந்து சென்றமை அவர்களின் குற்றம். சேகரிப்பின் இரு முகங்களும் இக்கதையில் அடங்கிவிடுகின்றன.

எமது அளவுகோலுக்கு எதிராக இரு தடைகள் கிளத்தப்படலாம். முதலாவது, பாட்டுப் புத்தகமும் நடிகர் வழிபாட்டை வளர்த்த கருவிதானே என்பது. உண்மையே. எம்.ஜி.ஆர். 1977இல் தமிழகத்தின் முதலமைச்சராகியமைக்குத் திரையோடு இத்தகைய பொருள்களும் துணைநின்றன. ஆனால், தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக 1981இல் ஆராய்ந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கண்ட முதல் அரங்கு படமாளிகையே என்பதைச் சுட்டியுள்ளார். அக்கூரைக்கு வெளியே அவ்வனுபவத்தைக் கொண்டுசென்றது மலிந்த தாள். கூத்துக் களரியில் இடம் மறுக்கப்பட்டவனும் பாட்டுப் புத்தகத்தை வாங்கலாம், பாடலாம். வழிபாட்டைக் கண்டிக்கும் நாம் இச்சமத்துவத்தை மறத்தல் தகாது.

இரண்டாவது தடை இன்னும் வலியது. பயன்படுத்தப்படுவதே சிறப்பெனின் பொருள் தேய்ந்து அழியும். அழிந்தபின் வரலாறு எங்கே? பூட்டிவைத்தவனல்லவா காப்பாற்றினான்? இதற்கான விடை கோட்டையூரில் உள்ளது. விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக அறிவித்தல்களையும் பாட்டுப் புத்தகங்களையும் அழைப்பிதழ்களையும் வேறுபாடின்றித் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் எஞ்சின. சிக்காகோப் பல்கலைக்கழகம் அவற்றை வாங்கிச் சென்னையிலேயே வைத்து ஆய்வு நூலகமாக்கியது. முத்தையாவும் பூட்டியே வைத்தார். ஆனால் விலைக்காகப் பூட்டவில்லை, வாசகனுக்காகப் பூட்டினார். பூட்டு ஒன்றே, திறவுகோல் யாரிடம் என்பதே வேறுபாடு. 1962இல் சு. வித்தியானந்தன் 'அலங்காரரூபன் நாடக'த்தைப் பதிப்பித்தபோது நிகழ்ந்ததும் இதுவே. அண்ணாவிமாரின் கையிலிருந்த ஏடு அனைவருக்குமான சட்டமாயிற்று.

மட்டக்களப்பில் இவ்வினா ஏட்டுச்சுரைக்காய் அன்று. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி கூரைகளையும் அவற்றின்கீழ் இருந்த தாள்களையும் கொண்டுபோயிற்று. அதனைத் தொடர்ந்த போர்க்கால இடப்பெயர்வுகளில் மக்கள் உயிரையும் பிள்ளைகளையும் காத்தனர். பெட்டிகளைக் காக்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் மீதியையும் கேட்டது. அமெரிக்கச் சேகரிப்பாளன் ஒரு பொம்மையின் உறை கசங்கியதென வருந்துகின்றான். நம் பகுதியில் ஒரு தலைமுறை எதைக் கேட்டது, எதைப் பாடியது என்பதற்கான தாட்சான்றே கசங்கவும் இல்லாமற் போயிற்று. எஞ்சியிருப்பது முதியோரின் நாவில் உள்ளது. எந்தப் பாட்டுக்கு எந்தத் திருவிழா, எந்த வசனத்தை எந்தத் திண்ணையில் ஒப்புவித்தனர் என்பன அவர்களுக்கே தெரியும். அச்சடிக்கப்பட்ட புத்தகம் வேறெங்கேனும் ஒரு பிரதி கிடைக்கலாம். இவ்வறிவுக்கு மறுபிரதி இல்லை.

ஆதலால், கலைப்பீட மாணவராகிய நாம் செய்யவேண்டியது தெளிவு. கூத்துக் கொப்பிகளைத் தேடிச் சென்ற நம் ஆசிரியர்கள் ஒரு வழியைக் காட்டினர். மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' (1998) அவ்வழியின் பெறுபேறுகளில் ஒன்று. அதே சிரத்தையோடு, இலக்கியமல்லவென ஒதுக்கப்பட்ட பாட்டுப் புத்தகத்தையும் வசன நூலையும் ஒலிபெருக்கிக்காரரின் இசைத்தட்டுப் பட்டியலையும் தேடவேண்டும். 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம முயற்சி, ஒரு பிரதியைக் கொடுத்தவரிடமிருந்து பிரிக்காமலே பலருக்கும் உரியதாக்கலாம் என்பதை மெய்ப்பித்துள்ளது. பெட்டியோடு வருபவரிடம் புத்தகத்தை மட்டும் பெற்றுக்கொண்டு அவரை அனுப்பிவிடலாகாது. அதிலுள்ள ஒரு பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்கவேண்டும், அதனையும் பதிந்துகொள்ளவேண்டும்.