ஒரு சுரம், ஆறு இடம்

புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் கொல்லிமலைக் காட்டுக்குள் ஒரு கச்சேரிக்கு ஏற்பாடு செய்கிறார். எதிரே வில்லோடு நிற்பவன் யாரென்று அவருக்கு இன்னும் தெரியாது. அவன் விட்ட ஒற்றை அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. அதைக் கண்ட மலைப்பில், இவனைப் பாடாமல் போகக் கூடாது என்று விறலியரைக் கூப்பிடுகிறார். அம்பின் பெருமையை எல்லோரும் சொல்லியாயிற்று. எனக்குப் பிடித்தது அதன்பின் அவர் இடுகிற கட்டளைகள். முழவுக்கு மண் பூசச் சொல்கிறார். யாழைப் பண்ணுக்குச் சேர்க்கச் சொல்கிறார். யானையின் கைபோல் நீண்ட தூம்பை ஊதச் சொல்கிறார். பதலைக்கு வரும்போது மட்டும், அதன் ஒரு முகத்தை மெதுவாகத் தட்டினால் போதும் என்கிறார். ஐந்து உயிரைத் துளைத்த அம்பைப் பாடப் போகிறவருக்கு, தோலை எவ்வளவு மெல்லத் தொட வேண்டும் என்ற கவலை! மின்கிடார் வாசிப்பவர்கள் இன்று ‘டோன், டோன்’ என்று அலைவதும் இந்தக் கவலையில்தான்.

வேட்டையாடியவன் வல்வில் ஓரி. பொன்னும் மணியும் கொடுத்தான். அடுத்த பாட்டில் யானைகளும், வெள்ளி நாரில் தொடுத்த மணிக்குவளைப் பூக்களும் வருகின்றன. வாங்கிக்கொண்டு போன கூத்தர்கள் பசி தீர்ந்ததில் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்தே போனார்கள் என்று அதே புலவர் எழுதிவைத்திருக்கிறார். விலை உயர்ந்த கிடார் கைக்கு வந்ததும் சாதகத்தை நிறுத்திவிடுகிற சிலரை எனக்கும் தெரியும்.

அந்த மலைக்கு ஒரு மின்கிடாரை எடுத்துப் போவதென்றால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். அடிவாரத்து வெக்கையில் சுருதி சேர்த்த கிடாரை மேலே சோளக்காட்டுக் குளிரில் எடுத்துப் பார்த்தால் சுருதி கூடியிருக்கும். எஃகுக் கம்பி குளிரில் இறுகுகிறது, இறுகினால் சுரம் ஏறுகிறது. பனிமூட்டம் நாள்கணக்கில் விலகாவிட்டால் வேறு தொல்லைகள். கழுத்து மரம் ஈரத்தை வாங்கிக்கொண்டு லேசாக வளையும், கம்பியில் துரு பூக்கும், புதுக் கம்பிக்கே உரிய கணீரென்ற ஒலி மங்கும். செம்மேட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவன் வாசித்து முடித்ததும் கம்பி கம்பியாகத் துணியால் துடைத்துத்தான் கிடாரைப் பெட்டியில் வைப்பான். ஃப்ரெட்போர்டில் எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தவன், ஒருநாள் தலையைத் தூக்கிக் கேட்டான்:

“ஏனுங்கண்ணா, புக்குல ரெண்டும் ஒரே நோட்டுன்னு போட்டிருக்குது. காதுல வேற வேறயாத்தானுங்களே கேக்குது?”

அவன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே ஒரு கட்டை. கிடாரில் அப்படி இல்லை. மெல்லிய முதல் கம்பியைத் திறந்தபடி மீட்டினால் வரும் ‘ஈ’ சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஏறத்தாழ 330 அதிர்வு. அதே ‘ஈ’, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், இரண்டாம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டில் இருக்கிறது. மூன்றாம் கம்பியில் 9, நான்காம் கம்பியில் 14, ஐந்தாம் கம்பியில் 19, தடித்த ஆறாம் கம்பியில் 24. கணக்கில் ஆறும் ஒன்று. குணத்தில் ஆறும் ஆறு. ஃப்ரெட்போர்டு படிப்பது என்று நாம் சொல்வது பெரும்பாலும் முதல் கணக்கோடு நின்றுவிடுகிறது. இரண்டாவதைப் படித்தவர்களுக்கு டோனைத் தேடிக் கடை கடையாக ஏறும் செலவில் பாதி மிச்சம் என்பது என் கட்சி.

திறந்த முதல் கம்பி வெட்டவெளிச்சமாக ஒலிக்கும். விரல் தொடாததால் எதுவும் அதை மட்டுப்படுத்துவதில்லை. அதே காரணத்தால் அதை அசைக்கவும் முடியாது. விட்டால் விட்டதுதான், கமகத்துக்கு அங்கே இடமில்லை. இரண்டாம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டுக்கு வந்தால் விரல் நுனியின் சதை அந்த வெளிச்சத்தின் கூர்மையை லேசாக எடுத்துவிடுகிறது. இப்போது சுரம் நம் கையில் இருக்கிறது. அசைக்கலாம், தள்ளலாம், இழுத்து நிறுத்தலாம். விரலை ஃப்ரெட்டின் உலோகக் கோட்டுக்கு மிக அருகில், ஆனால் அதன்மேல் ஏறாமல் வைக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் பின்வாங்கினாலும் கூடுதலாக அழுத்த வேண்டிவரும், அந்தக் கூடுதல் அழுத்தம் சுரத்தைச் சற்றே கூட்டிவிடும். பழகாத கையில் கிடார் சுருதி சேராததுபோல் கேட்பதற்குப் பாதி காரணம் இது.

மூன்றாம் கம்பியின் 9ஆம் ஃப்ரெட் என் செல்ல இடம். மின்கிடாரில் சுற்று இல்லாத வெறும் கம்பிகளில் பெரும்பாலும் இதுதான் தடித்தது. அதனால் சுரத்துக்கு ஒரு உடம்பு இருக்கிறது, வளைத்தால் வளையவும் செய்கிறது. ப்ளூஸ் வாசிப்பவர்கள் கம்பியைத் தள்ளி அழவைக்கும் இடங்களில் பாதி இந்தக் கம்பியில்தான். நான்காம் கம்பிக்குப் போனால் உலோகச் சுற்று வந்துவிடுகிறது. குரலில் ஒரு கரகரப்பு, தொண்டையிலிருந்து வருவதுபோல. ஐந்தாம் கம்பியின் 19இல் கை கிடாரின் உடலை இடித்துக்கொண்டு நிற்கும். அதிரும் நீளம் மூன்றில் ஒரு பங்குதான், கம்பியோ தடிமன். விறைத்த கம்பியின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நாதம் இருண்டு, சீக்கிரம் அவிந்துவிடும். ஆறாவது இடத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஃப்ரெட்டுகளின் இடைவெளியும் பார்த்து ரசிக்கத்தக்கது. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதிரும் கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட் 36 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். 12ஆவது சரிபாதி. 20க்கும் 21க்கும் நடுவே வெறும் 11 மில்லிமீட்டர். ஒவ்வொரு அடியும் மிச்சமிருக்கும் நீளத்தில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு. வைத்த இடத்திலிருந்து ஒன்றும் நகராது. இந்த நகராமைதான் நம் காதுக்குப் பிரச்சினை.

வீணையிலும் 24 மெட்டுகள் உண்டு. அவை மெழுகில் பதிந்து, பலகையிலிருந்து உயர்ந்து நிற்கின்றன. மெட்டுக்கு அடியில் காற்றுதான். தந்தியை இழுக்கும்போது விரலைத் தடுக்க மரம் இல்லை, ஒரே மெட்டில் மேலே மூன்று நான்கு சுரங்களைத் தொட்டுவர முடிகிறது. எஸ். பாலசந்தர் இந்த இழுப்பிலேயே ஒரு ராகத்தைக் கட்டி நிறுத்துவார். கிடாரில் விரல் நுனி பலகையில் உராய்கிறது. ஜான் மெக்லாஃப்லின் இதைக் கவனித்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் ராமநாதன். எல். சங்கர், விக்கு விநாயக்ராம் இவர்களோடு ‘சக்தி’ குழுவில் வாசிக்க மெக்லாஃப்லின் செய்வித்துக்கொண்ட கிடாரில் ஃப்ரெட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். வீணை மெட்டுக்கு அடியில் இருக்கும் காற்றைக் கிடாருக்குள் கொண்டுவருகிற வேலை அது. அந்தப் பலகையில் அளவுக்கு மேல் அழுத்தினால் சுரம் கூடிவிடும், அதனால் கை தானாகவே மென்மை பழகும்.

1980களில் சுகுமார் பிரசாத் மின்கிடாரில் கர்னாடக சங்கீதம் வாசித்துக் காட்டினார். அவருக்குப் பின் பிரசன்னா. சென்னை ஐஐடியில் படித்து, பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரிக்கும் போய்வந்தவர். சாதாரண ஃப்ரெட்டுகளின் மேலேயே விரலை ஓட்டி ஜாருகளை எடுப்பவர். கேட்கும்போது ஃப்ரெட்டுகள் இருப்பதே மறந்துபோகும். பல இடங்களில் கிடைக்கும் ஒரு சுரத்தை எந்தக் கம்பியில் எடுத்தால் அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் அவருக்கு முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கம்பி மாறினால் குரல் மாறிவிடும், பாடகர் நடுவில் தொண்டையை மாற்றிக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொல்லிமலைப் பலாவுக்குப் பெயர் உண்டு, சுளைக்காக. தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலா மரத்தில்தான் பிறக்கின்றன. வீணையில் அந்த மரம்தான் பாடுகிறது. குடத்தின் கனம், குடைவு, மரத்தின் வயது எல்லாமே காதில் கேட்கும். மின்கிடாரின் கட்டை உடம்புக்கு அவ்வளவு பெருமை இல்லை. மரத்தின் ஜாதியைச் சொல்லி விலையை ஏற்றுகிறவர்களிடம் எனக்கு அனுதாபம் கிடையாது. அங்கே பாடுவது காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒவ்வொரு பிக்கப்பிலும் தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பி ஏறத்தாழ எட்டாயிரம் சுற்று. எஃகுக் கம்பி காந்தத்தின் மேலே ஆடும்போது சுருளில் மின்சாரம் ஆடுகிறது. இதை அமைத்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்காரர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாசிப்பவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற ரிப்பேர்காரர் கிடைப்பது அபூர்வம்.

ஆம்பில் கெய்னைத் திருப்பி ஒலியை உடைக்கும்போது இன்னொரு நுட்பம் வெளிப்படுகிறது. ஃப்ரெட்டுகள் எட்டு சுரத்து அளவைப் பன்னிரண்டாகச் சமமாக வெட்டியவை. அந்தச் சமரசத்தில் ஐந்தாம் சுரமான பஞ்சமம் மயிரிழைதான் நழுவுகிறது. மூன்றாம் சுரமான அந்தர காந்தாரம் இயற்கையான இடத்தைவிட நன்றாகவே கூடி நிற்கிறது, அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு. சுத்தமான ஒலியில் காது அதை மன்னித்துவிடும். உடைந்த ஒலி மன்னிக்காது. சுரங்கள் ஒன்றோடொன்று மோதிப் பிறக்கும் உபரி ஒலிகள் அந்தச் சிறு பிசகைப் பெரிதாக்கி உறுமவைக்கும். அதனால்தான் ராக் கிடார்காரர்கள் காந்தாரத்தைக் கழற்றிவிட்டு, ஆதாரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து அடிக்கிறார்கள். நின்ற நரம்புக்கு ஐந்தாவதைக் கிளை என்றும் மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றும் சிலப்பதிகார உரைமரபு பிரித்துவைத்திருக்கிறது. அவர்கள் கணக்கு வேறு, இது வேறு. ஆனாலும் ஆம்ப் உறுமும்போது எனக்கு அந்தப் பகுப்பு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

செம்மேட்டுப் பையனிடம் இருப்பது மடியில் அடங்கும் சின்ன ஆம்ப். கெய்னை முழுக்க வைத்துத்தான் வாசிப்பான், வயது அப்படி. கிடாரின் வால்யூம் குமிழைப் பத்திலிருந்து ஆறுக்கு இறக்கிப் பார் என்றேன். உறுமல் அடங்கி, தொட்டால் மட்டும் உடைகிற ஒலி வந்தது. மெல்ல மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் ஓரத்தில் கரகரப்பு. வேகத்தை ஆம்பிலிருந்து விரலுக்கு மாற்றிக் கொடுக்கிற வேலை இந்தக் குமிழுடையது. பெடல் வாங்கப் பணம் சேர்ப்பவர்கள் பலர் இதைத் திருப்பியே பார்த்ததில்லை. ஒலிபெருக்கி இல்லாமல் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்த வீணை தனம்மாளின் நாதத்தைக் கேட்க, வந்தவர்கள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார்கள் என்பார்கள். அவர் 1938இல் மறைந்தார். சத்தம் குறையக் குறைய, விரல் செய்கிற வேலை வெளியே தெரியத் தொடங்குகிறது.

ஆறாம் கம்பியின் 24க்கு வருவோம். பெரும்பாலான கிடார்களில் அந்த ஃப்ரெட்டே இல்லை. பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் 21லேயே முடிந்துவிடும். ஆனால் அந்தத் தடித்த கம்பியிலும் அதே ‘ஈ’ ஒளிந்திருக்கிறது. 5ஆம் ஃப்ரெட்டின் உலோகக் கோட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு, மீட்டிய மறுகணம் விரலை எடுத்துவிட வேண்டும். கம்பி நான்கு துண்டாகப் பிரிந்து அதிர்ந்து, முதல் கம்பியின் சுரத்தை மணிபோலக் கொடுக்கும். பையன் செய்து பார்த்தான். சத்தமே வரவில்லை. மறுபடி தொட்டான், மெல்லிசாக ஏதோ.

“வரலீங்ண்ணா.”

பிக்கப் மாற்றும் சுவிட்ச் கழுத்துப் பக்கம் இருந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் அமைப்பில் அந்தப் பிக்கப் பாலத்திலிருந்து சரியாகக் கால்பங்கு நீளத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான்கு துண்டாக அதிரும் கம்பி அசையாமல் நிற்கும் புள்ளிகளில் ஒன்று நேர் அதன் மேலே. கம்பி பாடத்தான் செய்கிறது, பிக்கப்புக்குக் காது கேட்கவில்லை. சுவிட்சைப் பாலத்துப் பக்கம் தள்ளச் சொன்னேன். தள்ளிவிட்டு, அதே இடத்தில், அதே அளவுக்குத் தொட்டான். இந்த முறை ஆம்பிலிருந்து வந்த ‘ஈ’ அவன் கையை எடுத்த பிறகும் நின்றது.