ஜூனிபரை எப்போது மதிப்பிடுவது?

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் தரும் மிதமான வெயிலை நம்பித்தான் இங்கே பசுமைக்குடில்களில் ரோஜா பூக்கிறது. பெங்களூருக்கும் சிப்காட் ஆலைகளுக்கும் அழகுச் செடி அனுப்பும் நர்சரிகளும் அதை நம்பியே நடக்கின்றன. இப்படிப்பட்ட நர்சரிகளின் பின்வரிசையில் விற்காமல் தங்கிவிட்ட ஜூனிபர்கள், கறுப்புப் பைக்குள் வேர் சுருண்டு, ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுவது உண்டு. முகப்பு வேலியாக வைக்கப்பட்டு, கத்தரிக்க ஆளில்லாமல் புதராகிப் போனவையும் உண்டு. வெளியே பச்சைப் போர்வை. விலக்கினால் உள்ளே வெயில் படாமல் காய்ந்த சுள்ளிகள். ஆனால் தூர் தடித்திருக்கும், பட்டை நார்நாராக உரிந்திருக்கும். தொட்டியில் நட்டு வளர்த்தால் இருபது ஆண்டானாலும் எளிதில் வராத தடிமன் அது. ஆகவே போன்சாய்க் கலைஞரின் கண் இவற்றின் மீது விழுவது இயல்பு. இந்த மரங்களைத் திருத்தி அமைக்கும் வேலைக்கு நாம் என்ன அளவுகோல் வைத்திருக்கிறோம் என்பதே என் கேள்வி. கம்பி கட்டி முடித்த நாளின் தோற்றத்தை வைத்து மதிப்பிடுவதே இன்று வழக்கம். அது தவறான நாள் என்பது என் வாதம்.

மரபு இதற்கு என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். தட்டில் நிலக்காட்சி அமைக்கும் வழக்கம் சீனத்தில் மிகப் பழையது; 706ஆம் ஆண்டைச் சேர்ந்த இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில் அதற்குச் சான்று உண்டு. பின்னாளில் அங்கே ஊருக்கு ஒரு பள்ளி எழுந்தது. யாங்சோ பள்ளியினர் பனைவகை நாரால் கிளையை இழுத்துக் கட்டி, ஓர் அங்குலத்துக்குள் மூன்று வளைவு கொண்டுவந்து, இலைத்தொகுதியை மேகத் தட்டுகளாக அமைத்தார்கள். குவாங்சோவின் லிங்னான் பள்ளி கட்டுவதைக் குறைத்து வெட்டுவதை நம்பியது. கிளையை வளரவிட்டு, தடித்ததும் வெட்டி, அடுத்த கணுவிலிருந்து புதுக்கிளை எடுத்து, மறுபடி வெட்டி, ஓவியத் தூரிகையின் கோடுபோல் கோணங்களை உருவாக்குவது அதன் முறை. வெப்பநாட்டு மரங்களுக்கு அதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. ஜப்பானியர் செம்புக் கம்பியை முதன்மைக் கருவியாக்கினார்கள். நிமிர்ந்த மரம், சாய்ந்த மரம், பாறையிலிருந்து தொங்கும் மரம் என்று வடிவங்களை வகுத்தார்கள். 1923ஆம் ஆண்டின் நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவை விட்டு வெளியேறிய வளர்ப்பாளர்கள் 1925இல் ஓமியாவில் போன்சாய் கிராமத்தை அமைத்தார்கள். 1934இல் தொடங்கிய கொக்குஃபு கண்காட்சி அங்கீகாரத்தின் உச்சமாக நிலைத்தது. வடிவத்தில் இப்பள்ளிகள் ஒன்றோடொன்று உடன்படுவதில்லை. காலத்தில் உடன்படுகின்றன: ஒரு கிளை முடிய இத்தனை ஆண்டு ஆகும் என்ற கணக்கு எல்லாவற்றின் அடியிலும் இருக்கிறது. கண்காட்சி மேடையில் சில மணி நேரத்தில் மரத்தை மாற்றிக் காட்டும் செயல்விளக்கம் அண்மைக்காலத்து வரவு. நாம் அதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் கற்றுக்கொண்டோம்; சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஜூனிபரின் உடலமைப்பு இந்த அவசரத்துக்கு இடம் தருவதில்லை. ஆலும் அத்தியும் புளியும் மொட்டையாக வெட்டினாலும் தண்டிலிருந்து தளிர்க்கும். ஜூனிபர் அப்படியல்ல, பச்சை முழுவதும் போன கிளை அநேகமாகத் திரும்புவதில்லை. ஏரி மதகிலிருந்து வயலுக்கு வயல் தனி வாய்க்கால் ஓடுவதுபோல, ஒரு பக்கத்து வேரிலிருந்து அதே பக்கத்துக் கிளைக்கு உயிருள்ள பட்டை தனிப் பாதையாக ஓடுகிறது. அந்தக் கிளையை எடுத்தால் அதற்குக் கீழுள்ள பட்டையும் சேர்ந்து காய்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு: வேர் செத்த பிறகும் ஜூனிபரின் இலை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், பச்சையாகவே இருக்கும். கண்காட்சி நாளில் நடுவர் காணும் பச்சை, மரம் உயிரோடு இருப்பதற்குச் சான்றே ஆகாது. உண்மை மெல்லத்தான் வெளிவரும். சைனென்சிஸ் எனப்படும் சீன ஜூனிபர் வகைகளில் அளவுமீறி வெட்டப்பட்ட மரம் மென்மையான செதில் இலையை விட்டுவிட்டு, குழந்தைப் பருவத்து ஊசி இலையைத் தள்ளும். நலம் திரும்பி மறுபடி செதில் இலை வந்து தட்டுகள் அடர்வதற்கு ஓரிரு ஆண்டுகள் எளிதாக ஆகின்றன. மூன்றாம் ஆண்டில் அந்த மரம் எப்படி இருக்கிறது என்பதை வைத்தே திருத்தியவரின் கையை எடைபோட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

காய்ந்த மரப்பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பட்டை உரிந்த கிளை நுனியை ஜின் என்றும், தண்டில் பட்டை உரிந்த பகுதியை ஷாரி என்றும் ஜப்பானியர் அழைக்கிறார்கள். ஷிக்கோக்கு தீவின் இஷிசுச்சி மலையிலும் இத்தோயிகாவாவின் சுண்ணப் பாறைகளிலும் சேகரிப்பாளர்கள் கயிற்றில் தொங்கி எடுத்த ஷிம்பாக்கு என்ற ஜூனிபர் மரங்களில் பனியும் கல்சரிவும் காற்றும் செய்த வேலை அது. ஓசூர் நர்சரிப் பையில் நின்ற மரத்தின்மேல் பனி விழவில்லை, பாறை உருளவில்லை. அதன்மீது ஒரே மாலையில் இயந்திரத்தால் பள்ளம் குடைந்து, சுண்ணாம்பு கந்தகக் கரைசல் பூசி வெளுக்கவைத்தால் மரத்துக்கு வயது கூடுவதில்லை. காயம் மட்டுமே கூடுகிறது. நேர்மையான வழி ஒன்று உண்டு. தேவையற்ற கிளையை எடுத்துவிட்டு ஓராண்டு காத்திருந்தால், எந்தப் பட்டை வாழ்கிறது, எது வற்றுகிறது என்று மரமே கோடு போட்டுக் காட்டும். வாழும் பட்டை புடைக்கும், வற்றியது அமுங்கும். அந்தக் கோட்டை ஒட்டி உரித்தால் ஷாரிக்கு ஒரு காரணம் கிடைக்கிறது, கண்ணும் அதை நம்புகிறது.

ஜப்பானியப் போன்சாய்க் கலைஞர் மசாஹிகோ கிமுராவைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. 1940இல் பிறந்த அவர், பழைய ஷிம்பாக்கு மரங்களை மின்கருவிகளால் செதுக்கித் தலைகீழாக மாற்றி உலகை வியக்கவைத்தார் என்பது உண்மை. ஆனால் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் 11 ஆண்டு குருகுலப் பயிற்சியும், வேலைக்குப் பின் மரத்தை நாள்தோறும் கவனிக்கும் முழுநேரத் தோட்டமும் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு வெட்டை மட்டும் எடுத்துக்கொள்வது அவரைப் பின்பற்றுவது ஆகாது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று அமெரிக்கப் போன்சாய்க் கலைஞர் ஜான் நாக்கா. அவருடைய புகழ்பெற்ற கோஷின், ஃபோமினா என்ற ஜூனிபர் வகையால் அமைந்த தோப்பு. 1948இல் தொடங்கினார், 1984இல் அதைப் பொதுச் சொத்தாக வாஷிங்டனுக்கு வழங்கியபோது அதில் 11 மரங்கள் இருந்தன. இடைப்பட்ட 36 ஆண்டுகளில் மரங்கள் சேர்ந்தன, இடம் மாறின. அதை முதல் ஆண்டிலேயே மதிப்பிட்டிருந்தால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்?

ஜப்பானிய நாள்காட்டியை அப்படியே எடுத்துக்கொள்வதும் இங்கே பொருந்தாது. அங்கே பனிக்காலம் மரத்தை உறங்கவைக்கிறது, வசந்தம் எழுப்புகிறது. ஓசூர் ஜூனிபருக்கு அந்த ஆழ்ந்த உறக்கம் கிடைப்பதில்லை. இங்கே மார்கழி, தை மாதங்களில் குளிர்ச்சி உண்டு, சித்திரை வெயில் உண்டு, தென்மேற்குப் பருவக்காற்றின் மேகமூட்டமும் செப்டம்பர், அக்டோபரின் நல்ல மழையும் உண்டு. ஆகவே கிளை வளைக்கும் கனமான வேலையை மழை ஓய்ந்த குளிர்மாதங்களில் செய்வதும், மண் மாற்றத்தை ஜூன், ஜூலையின் மேகமூட்டத்தில், உடைத்த செங்கல் கலந்து நீர் தேங்காத கலவையில் செய்வதுமே எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டையும் ஒரே ஆண்டில் செய்யக்கூடாது. சுருண்ட வேரைப் பாதிப் பாதியாக, இரண்டு தவணையில் அவிழ்க்கலாம். கோடையில் செம்பேன் தொற்றும். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு தொட்டியில் படியும். இவற்றைத் தாண்டி நிற்பதும் கலையின் ஒரு பகுதிதான், அதைப் பராமரிப்பு என்று தனியே ஒதுக்கிவிடக் கூடாது.

ஜூனிபர் நம் மண்ணின் மரமே அல்லவே என்ற கேள்வியை மதிக்கிறேன். தீபகற்ப இந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை இனம் நகேயியா ஒன்றுதான். ஜூனிபரின் இந்திய இருப்பிடம் இமயம். ஓசூரிலிருந்து மலையிறங்கிக் கிருஷ்ணகிரி போனால் வெக்கை கூடுகிறது. அங்கே புதிதாகத் தொடங்குபவருக்குப் புளியையும் ஆலையும் இச்சியையுமே பரிந்துரைப்பேன், முறையாக லிங்னானை. ஆனால் கைவிடப்பட்ட ஜூனிபர்கள் ஏற்கெனவே இங்கே நிற்கின்றன. அவற்றைக் காப்பதா விடுவதா என்பதே நம் முன்னுள்ள தேர்வு. தவறைத் தளிரால் மூடிவிடாத மரம் என்பதால், பொறுமையைக் கற்க அதைவிடக் கண்டிப்பான ஆசிரியரும் இல்லை. மரத்தைக் குறுக்குவது கொடுமை என்பாருக்கும் இதே பதில்: கொடுமை தொட்டியில் இல்லை, ஆறு மாதத்தில் சாகும்படி வேலை செய்வதில் இருக்கிறது.

லால்பாக் மலர்க்கண்காட்சியிலும், மைசூரு கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தின் கிஷ்கிந்தா மூலிகா தோட்டத்திலும் போன்சாயைக் கண்டு ஆர்வம் பெறும் வாய்ப்பு இந்த எல்லைப் பகுதிக்கு அருகிலேயே இருக்கிறது. ஆர்வம் பெருகும் இந்த நேரத்திலேயே நடைமுறையையும் மாற்றிவிடலாம். திருத்தப்பட்ட மரத்தைப் போட்டிக்குக் கொண்டுவருபவர், பெரிய வெட்டு நடந்த மாதம், மண் மாற்றிய மாதம், வேலைக்கு முன் எடுத்த படம் ஆகிய மூன்றையும் ஓர் அட்டையில் சேர்த்து வைக்கட்டும். வேலை முடிந்து இரண்டு வளர்பருவம் கடக்காத மரம் காட்சிக்கு வரட்டும், பரிசுக்கு வேண்டாம். நடுவர் முதலில் தூரையும் உயிர்ப்பட்டையையும், பிறகு இலையின் தன்மையையும் பார்த்துவிட்டு, வடிவத்தைக் கடைசியாகப் பார்க்கட்டும்.