சர்க்கரைக்கு ஏற்றிய விளக்கு

செல்லின் வேலையைக் கெடுக்காமல், உயிரோடிருக்கும் அதற்குள்ளேயே ஒரு வேதிவினையை நடத்தி, வேண்டிய மூலக்கூறை மட்டும் ஒளிர வைக்கலாம் என்கிறது பயோஆர்த்தகோனல் வேதியியல். இதற்காக 2022இல் கரோலின் பெர்டோசிக்கு, மெல்டல், ஷார்ப்லெஸ் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு இருக்கட்டும். சொன்ன சொல்லை இந்த முறை காப்பாற்றுகிறதா?

இதன் தேவையில் சந்தேகமில்லை. புரதத்தைப் பார்க்கப் பச்சை ஒளிர்புரதம் இருக்கிறது. மரபணுவோடு கோத்துவிட்டால் போதும். ஆனால் செல்லின் மேல் படர்ந்திருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு அப்படிக் கோக்க மரபணு கிடையாது. அந்த ஒளிர்புரதமோ 238 அமினோ அமிலம் கொண்ட பெரிய மூட்டை. பெர்டோசி எடுத்தது அசைடு: மூன்றே நைட்ரஜன் அணுக்கள். அசைடு ஏற்றிய சர்க்கரையைச் செல்லுக்கு ஊட்டினால், அதன் நொதிகளே அதைச் சங்கிலியில் சேர்த்துவிடும். பிறகு அசைடோடு மட்டும் வினைபுரியும் சாயத்தைச் சேர்க்க வேண்டும்.

சாயத்தில் உள்ள கார்பன் முப்பிணைப்பு அசைடோடு வேகமாக வினைபுரியச் செம்பு வேண்டும். செம்பு செல்லுக்கு நஞ்சு. 2004இல் அவர் குழு, எட்டு கார்பன் வளையத்துக்குள் முப்பிணைப்பை வளைத்துத் திணித்து, அந்த இறுக்கத்தையே உந்துவிசையாக்கிச் செம்பை வெளியேற்றியது. இந்தத் துறையிலேயே அழகான யோசனை இதுதான் என்பேன். 2008இல் வரிக்குதிரை மீன் கருவில், முன்பே இருந்த சர்க்கரைகளுக்கு ஒரு நிறம், புதிதாக உருவானவற்றுக்கு வேறு நிறம் கொடுத்துத் தாடையிலும் மார்புத் துடுப்பிலும் பிரித்துக் காட்டினார்கள். ஒளிர்புரதத்தால் இதைச் செய்திருக்க முடியாது.

அடுத்தது வேகம். அந்த மீன் சோதனையில் பயன்பட்ட வளையத்தின் வினைவேக மாறிலி சுமார் 0.08 (மோலார்⁻¹ நொடி⁻¹ அலகில்). சாயத்தின் செறிவு 1 மைக்ரோமோலார் என்றால் பாதி அசைடு வினைபுரியவே சுமார் 100 நாள் ஆகும். ஆகவே சாயத்தை அதிகம் ஊற்ற வேண்டும். ஊற்றினால் கழுவியும் போகாத மிச்சம் பின்னணியில் மினுங்கும். அசைடுக்குப் பதிலாக டெட்ராசீன் என்ற மூலக்கூறை ஒரு வளையத்தோடு இணைக்கும் வினை 2008இல் வந்தது; அதன் மாறிலி சுமார் 2000. அதே செறிவில் ஆறு நிமிடம் போதும். வேகச் சிக்கல் அதோடு பெரிதும் தீர்ந்தது. ஆனால் டெட்ராசீனும் அதன் ஜோடி வளையமும் அசைடை விடப் பெரியவை. சிறுமை என்ற ஆதாயத்தைக் கொடுத்துத்தான் வேகத்தை வாங்க வேண்டியிருக்கிறது.

உண்மையான ஓட்டை வினையில் இல்லை, ஊட்டுவதில் இருக்கிறது. செல்சவ்வைத் தாண்டுவதற்காகச் சர்க்கரையின் ஹைட்ராக்சில்களை அசெட்டைல் தொகுதிகளால் மூடி அனுப்புவார்கள். அப்படி முழுக்க மூடிய சர்க்கரை, எந்த நொதியும் இல்லாமலே புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று 2018இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படியானால் ஒளிர்ந்ததெல்லாம் செல் தானே கோத்த சர்க்கரை அல்ல. அந்தச் சர்க்கரையை வைத்து அதுவரை வெளியான புரதப் பட்டியல்களை மறுபடி சலித்தாக வேண்டும். மூடிகளைக் குறைத்த சர்க்கரைகள் பிறகு வந்தன; பழையதையே வாங்கிப் பயன்படுத்தும் சோம்பலுக்கு இனிச் சாக்கில்லை.

என் தீர்ப்பு இது: செல்பரப்பில் சர்க்கரை எங்கே, எப்போது தோன்றுகிறது என்பதற்கு இந்த முறையை நம்பலாம். எவ்வளவு என்ற கேள்விக்கும், எந்தப் புரதத்தின் மேல் என்ற கேள்விக்கும், வேறொரு முறையின் சாட்சியம் இல்லாமல் இதன் பதிலை ஏற்கக் கூடாது.