மாயத்தாளா மாதவி?

மதுரைப் பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் என்றொரு திடல் உண்டு. கோவலன் வெட்டுண்ட இடம் இதுதான் என்று ஊரார் சொல்வர். அது மெய்யா என்பது வேறு வழக்கு. அப்பெயர் காதில் விழும்போதெல்லாம் கொலையுண்டவனுக்காக இரங்குகிறோம். நீதி கேட்டு எழுந்த கண்ணகியைப் போற்றுகிறோம். ஆனால் அந்தக் கோவலனாலேயே நீதி மறுக்கப்பட்ட ஒருத்தி இருந்தாளே! அவளுக்காக வழக்குரைக்க வந்தவர் எத்தனை பேர்?

மாதவியைத்தான் சொல்கிறேன். பட்டிமன்ற மேடைகளில் அவள் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. 'கற்பிற் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா?' என்று கேட்பார்கள். இரு பெண்களைத் தராசின் இரு தட்டுகளில் ஏற்றுவார்கள். தராசைப் பிடித்திருக்கும் கைக்குரியவனின் கற்பு என்ன எடை என்று மட்டும் கேட்கமாட்டார்கள்!

சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையைத் திறந்து பாருங்கள். பிரிந்து சென்ற கோவலனுக்கு மாதவி தாழை மடலில் முடங்கல் எழுதி அனுப்புகிறாள். கூலக்கடை வீதியிலே அதைக் கொண்டுவந்து நீட்டுகிறாள் வசந்தமாலை. கோவலன் வாங்க மறுக்கிறான். மறுத்ததோடு நின்றானா? ஒரு குற்றப் பட்டியலையே படிக்கிறான். மாதவி தன்முன் ஆடிய வரிக்கூத்துகள் எட்டு என்று எண்ணி எண்ணிச் சொல்கிறான். கடைசியில், ஆடுவதைத் தொழிலாகக் கொண்டவள்தானே, அவளுக்கு இவையெல்லாம் பொருந்துபவைதாம் என்று தீர்ப்பும் கூறிவிடுகிறான்.

அந்த எட்டில் ஒன்று உள்வரி. வேற்றுருக் கொண்டு நடிப்பது அது. மாலைப்பொழுது வந்தது; காதலன் மனம் வாடியது. அதைக் கண்ட மாதவி தன் கிளிமொழியை மறைத்தாள், அன்ன நடையை மறைத்தாள், மயிற்சாயலை மறைத்தாள், பணிப்பெண்ணின் கோலம் பூண்டு தன்னந்தனியே அவன்முன் வந்தாள். தலைக்கோற் பட்டம் பெற்ற தலைமகள், சோழன் அவையே வியந்த கலைமகள், ஒருவன் வாட்டம் தீர வேலைக்காரியானாள்! இன்னொரு வரியில் பிரிவாற்றாது அவன் உறவினரிடம் துயருரைக்கிறாள். மற்றொன்றில் கண்டவரிடமெல்லாம் புலம்புகிறாள். பிறிதொன்றில் மயங்கி விழுகிறாள், பிறர் தேற்றுகின்றனர். இத்தனையும் எதற்கு? அவன் மகிழ!

இப்பகுதியை வகுப்பில் நான் விளக்கியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "பணிப்பெண் வேடத்தில் வந்தவள் மாதவிதான் என்று கோவலனுக்கு அன்றே தெரியும் அல்லவா, ஐயா? தெரிந்து மகிழ்ந்தவன் பிறகு ஏன் அதைப் பொய் என்கிறான்?"

உரைகள் பலவற்றைப் புரட்டிய எனக்கு அவ்வினா உறைத்தது. ஏமாந்தவன் குற்றம் சாட்டலாம், சுவைத்தவன் சாட்டலாமா? விருந்துண்டு கை கழுவியவன், சமைத்தவளை வஞ்சகி என்பது என்ன நேர்மை!

பிரிவின் காரணத்தையும் பாருங்கள். இந்திரவிழாவின் முடிவில் புகார்க் கடற்கரையிலே முதலில் யாழை மீட்டியவன் கோவலன். வேறொரு பெண்மேல் காதல் கொண்டவன்போலப் பாடினான். அவன் பாடலில் வேறு குறிப்புண்டு என்று கருதிய மாதவி, தனக்கும் வேறொரு குறிப்பு இருப்பது போலப் பாடினாள். அவன் செய்ததையே அவளும் செய்தாள். ஆனால் அவன் பாடியது கானல்வரி; அவள் பாடியது மாயமாம், பொய்யாம்! எழுந்து நடந்துவிட்டான்.

ஆகவே நடிப்பு அன்று வழக்கு. யார் விருப்பத்துக்கு நடிப்பு என்பதே வழக்கு. அவனை மகிழ்விக்கச் சேடியானபோது அது கலை. தன் மனக்குறையைச் சொல்ல ஒரு பாட்டில் வேறொருத்தியானபோது அது களவு! இங்கே இளங்கோவடிகள் ஊழ்வினையைத் துணைக்கு அழைக்கிறார். யாழிசையைச் சாக்காக வைத்து விதி வந்து மூண்டது என்கிறார். அடிகளின் தமிழுக்குத் தலை வணங்குவோம். அந்த விளக்கத்துக்குத் தலை வணங்கோம். மூண்டது விதியன்று, தான் வேடமிடலாம், அவள் தன் விருப்பத்துக்கு வேடமிடக் கூடாது என்னும் ஆணின் உரிமை எண்ணம்.

அந்த உரிமை எங்கிருந்து வந்தது? ஏழாண்டுப் பயிற்சி பெற்று, 12ஆம் வயதில் அரங்கேறினாள் மாதவி. உடனே 1008 கழஞ்சு பொன் விலையுள்ள மாலையைக் கையில் ஏந்தி வீதியில் நின்றாள் ஒரு கூனி. மாலையை வாங்குவோன் மாதவிக்கு மணாளன்! வாங்கினான் கோவலன். விலை கொடுத்தவனுக்கு வேடம் காட்டத்தான் வேண்டும். தாசி முறையின் வஞ்சனைகளை உள்ளிருந்து கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936ஆம் ஆண்டில் 'தாசிகள் மோசவலை' எழுதினார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வந்தது. நடிப்பு அப்பெண்களின் பிறவிக் குணமன்று. ஒரு முறை அவர்கள்மீது சுமத்திய தொழில்.

அப்படியானால் மணந்த மனைவிக்கு நடிப்பு வேண்டாமா? இல்லறத்தாள் கண்ணகியைக் கேளுங்கள்! மதுரைப் புறஞ்சேரியில், மாதரி தந்த மனையில், கோவலனுக்குச் சோறிட்ட பின் மனம் திறக்கிறாள். அவன் பிரிந்திருந்த காலத்தில் மாமனும் மாமியும் வருந்தாதிருக்கத் தான் மெய்யல்லாத முறுவல் காட்டியதையும், அது கண்டு அவர்கள் உள்ளம் நொந்ததையும் சொல்கிறாள். பெரியோர் போற்றாத ஒழுக்கத்தில் நீர் நின்றீர் என்றும் கூறிவிடுகிறாள். ஆடல் மகளுக்கு எட்டு வேடம். இல்லத்தரசிக்கு ஒரே வேடம், அதுவும் ஆண்டுக்கணக்கில்!

மாதவியின் மெய்யும் ஒருநாள் வெளிப்பட்டது. மதுரையை நோக்கி நடக்கும் வழியில் கோசிகன் கொண்டுவந்த இரண்டாம் முடங்கலைக் கோவலன் படித்தான். என் பிழை என்னவென்று அறியேன், என் துயர் தீர்ப்பீர் என்பதே அதன் சாரம். படித்தவன், தீங்கு அவளுடையதன்று, தன்னுடையது என்று உணர்ந்தான். உணர்ந்து என்ன செய்தான்? அவளுக்கு ஒரு வரி மறுமொழி உண்டா? இல்லை! அந்த ஓலையின் வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்துகிறது என்று கண்டு, அதையே அவர்களிடம் சேர்க்கச் சொன்னான். அவளுடைய ஒரே மெய்ம்மொழியும் அவன் மன்னிப்புக் கடிதமாயிற்று! இருவரின் உண்மையையும் அவன் கேட்டது, வாழ்வின் விளிம்பில் நின்றபோதுதான்.

காதலர் விளையாடக் கூடாதா என்று கேட்பீர்கள். ஆடட்டும், பாடட்டும், மாறுவேடமும் பூணட்டும்! இருவரும் பூணலாம், இருவரும் களையலாம் என்றால் அது இன்பம். பூணாவிட்டால் வெறுப்பான், களைந்தால் பிரிவான் என்றால் அதற்குப் பெயர் அடிமைத்தனம்.

இன்று மாலையோடு கூனி வீதியில் நிற்கவில்லை. ஆனால் பெண் பார்க்க வரும் நாளில், படித்தவளைப் பார்த்து 'அதிகம் பேசாதே, தெரிந்ததைத் தெரிந்ததாகக் காட்டாதே' என்று சொல்லும் குரல் வைகைக் கரை ஊர்களில் இன்னும் ஓயவில்லை. பட்டம் பெற்றவளைப் பேதையாக நடிக்கச் சொல்லி, அதற்கு அடக்கம் என்று பெயரிடுகிறோம். இதுவும் உள்வரிதான்!

மாதவி இறுதியில் வேடம் களைந்தாள், துறவு பூண்டாள், தன் மகள் மணிமேகலையைக் கணிகையர் வாழ்வில் புகவிடாது காத்தாள். எட்டு வேடங்களுக்கும் அவள் தந்த விடை அதுவே. இனி எந்த மகளுக்கும் விடை துறவாக இருக்க வேண்டாம். தன் முகத்தோடு, தன் மொழியோடு, தன் அறிவோடு அவள் காதலிக்கட்டும். அம்முகத்தைக் காணத் துணியாதவன் காதலன் அல்லன், வெறும் பார்வையாளன்!